எந்த டேப்பிலிருந்து வெட்டிய தட்டு? – வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அறுபதுகளிலும் எழுபதுகளிலும் லண்டன், நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டூடியோக்களில் பதிவான ராக், ஃபோக் இசைத்தட்டுகளை வாங்குவது பற்றியவை. நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். விற்பனையாளர்களின் பெயர்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி (கோயம்புத்தூர்): பீட்டில்ஸின் 'அபே ரோடு' எல்.பி.யை 1969-ஆம் ஆண்டின் முதல் பதிப்பு என்று சொல்லி ரூ. 18,000-க்கு விற்றார்கள். உறையின் பின்புறம் பார்கோடு அச்சாகியிருக்கிறது. அசல்தானா?

பதில்: அசல் இல்லை. கடைகளில் பார்கோடு முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்ததே 1974-ல்தான். இன்றே எழுத்து மூலம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி (சென்னை): பீட்டில்ஸின் 'சார்ஜண்ட் பெப்பர்ஸ்' புதிய எல்.பி. வாங்கினேன். முன்பு கேட்ட குறுந்தகட்டில் ஒரு பக்க ஸ்பீக்கரில் ஒலித்த குரல் இதில் நடுவில் ஒலிக்கிறது. டிரம்ஸும் ஓங்கிக் கேட்கிறது. போலியை விற்றுவிட்டார்களா?

பதில்: போலி அல்ல. உங்களிடம் இருப்பது 2017-ல் தயாரிப்பாளர் ஜைல்ஸ் மார்ட்டின் புதிதாகச் செய்த ஸ்டீரியோ மிக்ஸ், அதாவது பதிவான ஒலிகளை இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் பகிர்ந்து கலந்த வடிவம். 1966 இறுதியிலும் 1967-லும் அபே ரோட்டிலுள்ள இ.எம்.ஐ. ஸ்டூடியோவில் நான்கு தடக் கருவிகளில் இந்த ஆல்பத்தைப் பதிவு செய்தபோது, குழுவினர் உடனிருந்து பொறுமையாகச் செய்தது, எல்லா ஒலிகளையும் ஒரே தடத்தில் கலக்கும் மோனோ மிக்ஸைத்தான். ஸ்டீரியோ மிக்ஸ் பிறகு விரைவாக முடிக்கப்பட்டது. ஆகவே ஒரே ஆல்பத்துக்கு 1967 மோனோ, 1967 ஸ்டீரியோ, 2017 ஸ்டீரியோ என மூன்று வடிவங்கள் சந்தையில் உள்ளன. ரீமாஸ்டர் என்றால் பழைய மிக்ஸையே மீண்டும் சீர்செய்தது என்றும், ரீமிக்ஸ் என்றால் தனித்தனித் தடங்களுக்கே திரும்பிப் போய்ப் புதிதாகக் கலந்தது என்றும் கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாக நினைத்து வாங்குவோர் பலர். நீங்கள் பழகிய ஒலிதான் வேண்டுமென்றால் 2012 ஸ்டீரியோ பதிப்பையும், குழுவினர் செய்த மோனோ மிக்ஸ் வேண்டுமென்றால் 2014-ல் வெளிவந்த மோனோ பதிப்பையும் தேடுங்கள்.

கேள்வி (டொராண்டோ): '180 கிராம்', 'ரீமாஸ்டர்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய பழைய ஃபோக் ஆல்பங்களின் மறுபதிப்புகளுக்குப் பழைய பிரதிகளைவிட இரண்டு மடங்கு கொடுத்து வாங்குகிறேன். பல தட்டுகள் என்னிடமுள்ள குறுந்தகட்டிலிருந்து வேறுபடவே இல்லை. தட்டு கனமாக இருந்தால் ஒலி சிறக்கும் என்பது உண்மையா?

பதில்: உண்மை இல்லை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இசைத்தட்டுச் சந்தையில் என்னை மிகவும் வருத்தும் விஷயம் இதுதான்.

ஸ்டூடியோவில் பல தடங்களாகப் பதிவாவதை இரண்டு தடங்களாகக் கலந்து எடுப்பது மாஸ்டர் டேப். அந்த டேப்பை ஓட்டி, கட்டிங் இன்ஜினியர் லாக்கர் பூசிய தட்டு ஒன்றில் பள்ளத்தை வெட்டுகிறார். அந்த லாக்கரிலிருந்து உலோக அச்சுகளும், கடைசியில் தட்டை அழுத்தும் அச்சான ஸ்டாம்பரும், அதிலிருந்து நீங்கள் வாங்கும் தட்டும் வருகின்றன. ஒலியின் தரத்தைத் தீர்மானிப்பவை எந்த டேப், யார் வெட்டினார், எந்த ஆலையில் எவ்வளவு கவனமாக அழுத்தினார்கள் என்ற மூன்றுதான். தட்டின் எடை 120 கிராமா 180 கிராமா என்பதால் பள்ளத்தில் இருக்கும் இசை மாறிவிடாது. ஆனால் ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் அச்சாவது எடை மட்டுமே. டேப்பைப் பற்றி ஒரு சொல்லும் இருப்பதில்லை.

டிஜிட்டல் கோப்பிலிருந்து வெட்டுவதை நான் குறை சொல்லவில்லை. பீட்டில்ஸின் 2012 ஸ்டீரியோ தட்டுகள் டிஜிட்டல் மூலத்திலிருந்து வெட்டப்பட்டவை. 2014 மோனோ தட்டுகள் அனலாக் டேப்பிலிருந்தே வெட்டப்பட்டவை. இரண்டு விவரமும் வெளிப்படையாகத் தெரிந்திருந்ததால், வாங்குவோர் தங்கள் விருப்பப்படி தேர்ந்தெடுக்க முடிந்தது. விவரத்தைச் சொல்லாமல் விற்பதைத்தான் கண்டிக்கிறேன். மாஸ்டர் டேப்பிலிருந்தே உருவாக்குவதாகப் பெயர் பெற்றிருந்த அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம், தன்னுடைய பல பதிப்புகளில் இடையே ஒரு டிஜிட்டல் படியும் இருந்ததை 2022-ல்தான் ஒப்புக்கொண்டது. அந்தத் தட்டுகளுக்கு நூறு டாலருக்கு மேல் கொடுத்தவர்கள் ஏராளம். வழக்குத் தொடர்ந்தார்கள், நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. அந்தத் தட்டுகளின் ஒலி நன்றாகவே இருந்தது என்று நிறுவனத்துக்காகச் சிலர் பரிந்து பேசினார்கள். நன்றாக இருந்தது உண்மைதான். ஆனாலும் வாங்கியவர்கள் தாங்கள் எதற்காகப் பணம் கொடுத்தார்களோ அதைப் பெறவில்லை. அவர்களுடைய கோபம் நியாயமானது.

நானும் இதே வகையில் பணம் இழந்திருக்கிறேன். 1971-ல் ஹாலிவுட்டிலுள்ள ஏ அண்ட் எம் ஸ்டூடியோவில் பதிவான, ஜோனி மிட்செலின் 'புளூ' ஆல்பத்தை, 'அசல் டேப்பிலிருந்து' என்ற வாசகத்தை நம்பிப் பிரிக்காத மறுபதிப்பாக ஒரு கடையில் அதிக விலைக்கு வாங்கினேன். நடுத்துளை மையத்திலிருந்து விலகியிருந்ததால், பியானோவின் நீண்ட சுரங்கள் ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கின. எந்த டேப், எந்த ஆலை என்ற விவரம் உறையில் எங்கும் இல்லை. முத்திரை பிரித்த தட்டைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று கடைக்காரர் கூறிவிட்டார். பிரிக்காமல் அந்தக் குறையை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற என் கேள்விக்கு அவரிடமிருந்து பதில் வரவில்லை.

இனி வாங்கும்போது, வெட்டியவர் பெயரையும் மூல டேப்பையும் பதிப்பாளர் அறிவித்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். அறிவிக்காத தட்டுக்கு இரண்டு மடங்கு கொடுக்காதீர்கள்.

கேள்வி (ஈஸ்ட்ஹாம், லண்டன்): பாப் டிலனின் முதல் ஆல்பம் புதிய எல்.பி.யாகப் பாதி விலைக்குக் கிடைத்தது. உறைப்படம் வேறு, கூடுதலாகச் சில பாடல்களும் உள்ளன. கள்ளப் பதிப்பா?

பதில்: ஐரோப்பாவில் சட்டப்படி விற்கத் தக்கதுதான். அங்கே ஒலிப்பதிவுகளுக்கான உரிமைக் காலம் 50 ஆண்டுகளாக இருந்து 70 ஆக நீட்டிக்கப்பட்டபோது, 1962 முடிவதற்குள் வெளிவந்தவற்றின் உரிமை ஏற்கெனவே முடிந்துவிட்டிருந்தது. 1961 நவம்பரில் நியூயார்க்கின் கொலம்பியா ஸ்டூடியோவில் பதிவாகி 1962 மார்ச்சில் வெளியான அந்த ஆல்பம் யாரும் அச்சிடக்கூடியதாக ஆனது இப்படித்தான். ஆனால் அப்படி அச்சிடுவோரிடம் மாஸ்டர் டேப் இருப்பதில்லை. பெரும்பாலும் குறுந்தகட்டிலிருந்தே எடுக்கிறார்கள். பாட்டைக் கேட்டால் போதும் என்றால் வாங்குங்கள். ஸ்டூடியோவின் ஒலியைக் கேட்க விரும்பினால் கொலம்பியாவின் சொந்தப் பதிப்பை வாங்குங்கள்.

கேள்வி (மதுரை): டிலனின் 'ஃப்ரீவீலின்' ஆல்பத்தில் முதலில் இருந்து பிறகு நீக்கப்பட்ட நான்கு பாடல்களும் லேபிளில் அச்சாகியுள்ள பிரதி ரூ. 65,000-க்கு வருகிறது. அரிய பொருள் என்பதால் ஓட்டிக் காட்ட மாட்டேன் என்கிறார் விற்பவர்.

பதில்: வாங்காதீர்கள். லேபிளில் அந்தப் பெயர்கள் இருந்தும் வழக்கமான பாடல்களே ஒலிக்கும் பிரதிகள் உண்டு. ஓட்டிக் காட்ட மறுக்கும் பிரதிக்கு நூறு ரூபாய்கூட அதிகம்.

கேள்வி (சிங்கப்பூர்): 'பிளட் ஆன் தி டிராக்ஸ்' ஆல்பத்தின் நியூயார்க் வடிவம், 1974-ஆம் ஆண்டின் டெஸ்ட் பிரஸ்ஸிங் என்று ஒருவர் ஆயிரம் டாலர் கேட்கிறார். நம்பலாமா?

பதில்: 1974 செப்டம்பரில் நியூயார்க்கில் முழு ஆல்பத்தையும் பதிவு செய்து, சோதனைத் தட்டுகளும் அழுத்திய பின், டிலன் மனம் மாறி டிசம்பரில் மினியாபொலிஸில் ஐந்து பாடல்களை மீண்டும் பதிவு செய்தார். உறைகள் ஏற்கெனவே அச்சாகிவிட்டதால், மினியாபொலிஸ் கலைஞர்களின் பெயர்கள் அவற்றில் இடம்பெறவில்லை. அந்தச் சோதனைத் தட்டு உண்மையில் மிக அரியது. ஆனால் அதே வரிசையில், அதே தோற்றத்தில், 2019 ஏப்ரலில், இசைத்தட்டுக் கடைகள் ஆண்டுதோறும் கொண்டாடும் ரெக்கார்டு ஸ்டோர் டே நாளுக்காக நிறுவனமே ஒரு பதிப்பை வெளியிட்டது. அதற்கு முன்பே கள்ளப் பதிப்புகளும் உலவின. ஆயிரம் டாலர் மிகக் குறைந்த விலை என்று விற்பவர் அவசரப்படுத்துகிறார் என்றால், அது 2019 தட்டு என்றே கொள்ளுங்கள். அந்த நியூயார்க் பதிவுகளைக் கேட்பதுதான் நோக்கமென்றால், 2018-ல் வெளிவந்த அதிகாரபூர்வத் தொகுப்பில் அவை அனைத்தும் உள்ளன.

கேள்வி (திருச்சி): 'லெட் செப்பலின் 2' தட்டில் ஊசி தாவுகிறது. இரண்டு முறை மாற்றி வாங்கியும் அதே நிலை. சூட்கேஸ் வடிவப் பிளேயர் வைத்திருக்கிறேன். கடைக்காரர் மீது புகார் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கக் கூடாது. மூன்று தட்டுகளும் ஒரே இடத்தில் ஒரே மாதிரித் தாவினால் குறை தட்டில் இல்லை என்று நீங்களே யோசித்திருக்க வேண்டும். அந்த வகைப் பிளேயர்களில், ஊசியைத் தாங்கும் செராமிக் கார்ட்ரிட்ஜ் ஏறத்தாழ ஐந்து கிராம் அழுத்தத்தில் தட்டின் மேல் அமர்கிறது. நல்ல கார்ட்ரிட்ஜுக்கு இரண்டு கிராமே போதும். 1969-ல் இந்த ஆல்பத்துக்குக் கட்டிங் இன்ஜினியர் பாப் லட்விக் வெட்டிய முதல் பதிப்பே சாதாரணப் பிளேயர்களில் தாவியது என்று புகார் எழுந்து, பேஸ் ஒலியைக் குறைத்து மறுபடி வெட்டினார்கள். தட்டில் லேபிளைச் சுற்றியுள்ள வெற்றுப் பகுதியில் அவருடைய பெயரெழுத்துகள் உள்ள அந்த முதல் வெட்டைத்தான் இன்று சேகரிப்பவர்கள் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். கடைக்காரர் இரண்டு முறை மாற்றிக் கொடுத்திருக்கிறார்; அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். பிளேயரை மாற்றும் வரை, உங்களிடமுள்ள மற்ற தட்டுகளையும் அதில் ஓட்டாதீர்கள்.

கேள்வி (கொழும்பு): நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்', 1972 முதல் பதிப்பு என்று வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடமிருந்து வாங்கினேன். உறை பழையது. உள்ளே உள்ள தட்டின் லேபிளில் யூனிவர்சல் என்ற பெயர் இருக்கிறது. மூன்று மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம். விற்றவர் இப்போது பதில் எழுதுவதில்லை.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள்; இதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை. இந்த ஆல்பத்தை வெளியிட்ட ஐலண்டு நிறுவனம் யூனிவர்சலின் கைக்குப் போனது 1998-ல். ஆகவே பழைய உறைக்குள் மறுபதிப்புத் தட்டை வைத்து விற்றிருக்கிறார்கள். இதே முறையில், செல்சியின் சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டூடியோவில் பதிவான ஃபேர்போர்ட் கன்வென்ஷனின் 'லீஜ் அண்ட் லீஃப்' ஆல்பத்தை எனக்கும் ஒருவர் விற்றார். உறையின் படங்களை மட்டும் அனுப்பியிருந்தார். தட்டைப் பார்த்தபோது அவர் கணக்கை மூடிவிட்டிருந்தார். 'பிங்க் மூன்' பதிவானதும் அதே ஸ்டூடியோவில்தான்; ஒலிப்பதிவாளர் ஜான் வுட் மட்டும் உடனிருக்க, 1971 அக்டோபரில் இரண்டே இரவுகளில் பாடி முடித்தார் டிரேக். அவர் வாழ்ந்த காலத்தில் அந்த ஆல்பம் மிகக் குறைவாகவே விற்றதால் முதல் பதிப்புகள் அரிதாயின. அந்த அருமையைத்தான் இந்த மனிதர்கள் பணமாக்குகிறார்கள்.

விற்பனைத் தளத்தின் புகார்ப் பகுதியில் 'விவரித்தபடி பொருள் இல்லை' என்ற வகையில் இன்றே பதிவு செய்யுங்கள். கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியே திரும்பப் பெறும் வசதி, கேளுங்கள். இரண்டுக்கும் காலக்கெடு உண்டு. லேபிள், உறை, விற்பவர் எழுதிய விளம்பர வாசகம் மூன்றின் படங்களையும் சேர்த்து அனுப்புங்கள். தட்டைத் திருப்பி அனுப்பச் சொன்னால், பின்தொடரும் எண் உள்ள அஞ்சலில் மட்டுமே அனுப்புங்கள். எப்படி முடிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி (ஈரோடு): சமூக ஊடகத்தில் படம் பார்த்து, முன்பின் தெரியாத ஒருவருக்கு ரூ. 22,000 அனுப்பி, ஐந்து தட்டுகள் வாங்கினேன். 'வி.ஜி.' என்று எழுதியிருந்தார். எல்லாவற்றிலும் கரகரப்பு.

பதில்: தரக் குறியீட்டின் பொருளைத் தெரிந்துகொள்ளாமல் 22,000 ரூபாயை அனுப்பலாமா? இந்தத் தொழிலில் 'வி.ஜி.' என்பது கேட்கும்போது இரைச்சல் தெரியும் தட்டைக் குறிக்கும். அமைதியான தட்டு வேண்டுமென்றால், ஏறத்தாழப் புதியது என்று பொருள்படும் 'என்.எம்.' அல்லது குறைந்தது 'வி.ஜி. பிளஸ்' கேட்க வேண்டும். விற்றவர் பொய் சொல்லவில்லை. பணம் திரும்பாது.

கேள்வி (பாளையங்கோட்டை): என் பீட்டில்ஸ் தட்டின் வெற்றுப் பகுதியில் வலப்புறம் ஓர் ஆங்கில எழுத்தும் இடப்புறம் ஓர் எண்ணும் உள்ளன. பொருள் என்ன?

பதில்: பிரிட்டனின் இ.எம்.ஐ. ஆலையில் அழுத்தியதென்றால், இடப்புற எண் எத்தனையாவது மதர் அச்சு (ஸ்டாம்பரை உருவாக்கும் உலோக அச்சு) என்பதையும், வலப்புற எழுத்து எத்தனையாவது ஸ்டாம்பர் என்பதையும் காட்டும். எழுத்துகளை எண்களாக வாசிக்க வேண்டும்: ஜி 1, ஆர் 2, ஏ 3. சிறிய எண்கள் இருந்தால் தொடக்கத்தில் அழுத்திய தட்டு.

கேள்வி (சேலம்): அப்பா விட்டுச்சென்ற 'அபே ரோடு' தட்டு டம்டம்மில் அச்சானது. இந்தியப் பதிப்புக்கு மதிப்பில்லை என்று சொல்லி, ஒரு வியாபாரி ரூ. 200 தர வந்தார். விற்கலாமா, அம்மா?

பதில்: விற்காதீர்கள், தம்பி. கொல்கத்தா டம்டம்மில் கிராமஃபோன் கம்பெனி ஆஃப் இந்தியா அழுத்திய பீட்டில்ஸ் தட்டுகளை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் தேடுகிறார்கள். வெற்றுப் பகுதியில் 'ஒய்.இ.எக்ஸ்.' என்று தொடங்கும் எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது லண்டன் பதிப்பின் மேட்ரிக்ஸ் வரிசை, அதாவது தட்டு எந்த வெட்டிலிருந்து வந்தது என்று காட்டும் எண். மதிப்பில்லாத பொருளைக் கேட்டு ஒரு வியாபாரி வீடு தேடி வர மாட்டார். பூஞ்சை இருந்தால் வாலை வடிநீரில் நனைத்த மென்துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள்; புதிய உள்ளுறையில் இட்டு, வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள்.

கேள்வி (பெங்களூரு): இணையக் கடையில் வாங்கிய புதிய தட்டு வளைந்து வந்தது. 'விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை' என்று பில்லில் அச்சிட்டிருக்கிறார்கள். வழி உண்டா?

பதில்: உண்டு. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்துக்கு மாறான பொருளையோ திரும்ப எடுக்க விற்பவர் மறுக்க முடியாது. பில்லில் அச்சிட்டால் அந்த விதி மறைந்துவிடாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வாங்கியதற்குக் கொடுத்த தொகை ரூ. 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். தட்டைச் சமதளக் கண்ணாடி மேல் வைத்து, வளைவு தெரியும்படி பக்கவாட்டிலிருந்து படம் எடுத்துவிடுங்கள். பிறகு அதை ஓட்ட வேண்டாம்.

கேள்வி (வேலூர்): பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்', 1973 பிரிட்டன் பதிப்பு. நீல முக்கோணம் முழுவதும் நிறம் நிரம்பிய லேபிள். போஸ்டர்கள் இல்லை. விற்பவர் முழு விலை கேட்கிறார்.

பதில்: லேபிள் சரியானது. ஆனால் அந்தப் பதிப்புடன் இரண்டு போஸ்டர்களும் இரண்டு ஸ்டிக்கர்களும் வந்தன. அவை இல்லாத பிரதிக்கு முழு விலை கொடுக்காதீர்கள். பேசிக் குறையுங்கள், ஓட்டிக் கேட்டபின் வாங்குங்கள்.