மகள் கட்டிய ரேஸ் காரில் இடது சீட்: பெற்றோர் கேள்விகளும் என் பதில்களும்

கோவையில் முப்பது வருஷத்துக்கும் மேல் லேத் பட்டறை நடத்தியவன் நான். வயது 63. என் மகள் ஒரு பழைய மாருதி எஸ்டீமை வாங்கி, பட்டறைக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் இரண்டு வருஷம் பாடுபட்டு அதை ரேஸ் காராக மாற்றினாள். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ட்ராக் டே, அதாவது போட்டி இல்லாமல் அவரவர் காரை ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள், நடக்கும்போது ஓட்டுகிறாள். பக்கத்து சீட்டில் 11 தடவை உட்கார்ந்திருக்கிறேன். அதைக் கேள்விப்பட்ட பெற்றோர் பலர் கேள்வி அனுப்பினார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (ஈரோடு, ஒரு அப்பா): பையன் சொந்தமாகக் கட்டிய கார். "ஒரு ரவுண்டு வாங்கப்பா" என்று விடாமல் கூப்பிடுகிறான். போகலாமா?

போங்க. ஆனால் முந்தின நாளே ஷெட்டுக்குப் போய்க் காரின் இடது பக்கத்தைப் பாருங்கள். நம் பிள்ளைகள் வலது பக்கத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டுவார்கள், அவர்கள் உட்காரும் இடம் அது. இடது சீட் பெரும்பாலும் கடைசி வாரத்தில் மாட்டப்பட்டதாக இருக்கும்.

எங்கள் காரிலும் அப்படித்தான் நடந்தது. இடது சீட்டின் பிராக்கெட்டைத் தரைத் தகட்டில் நேராகப் போல்ட் போட்டு முறுக்கியது நானேதான். சாதாரண வாஷர்தான் வைத்தேன். மூன்றாவது ரவுண்டில் மகள் பிரேக்கை அழுத்தியபோது சீட் முன்பக்கம் லேசாக அசைந்தது. ட்ராக் ஓரத்தில் காரை நிறுத்திப் பார்க்கும் இடமான பிட்டுக்கு வந்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தோம். போல்ட்டைச் சுற்றித் தகடு புளியங்கொட்டை அளவுக்கு நீளமாகக் கிழிந்திருந்தது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகடு, 70 கிலோ ஆளை எப்படித் தாங்கும்? அன்றைக்கே சீட்டைக் கழற்றிவிட்டோம். இப்போது அடியில் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு வைத்து, அதோடு சேர்த்து முறுக்கியிருக்கிறது.

ஆகவே சீட்டின் மேற்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து, பலங்கொண்ட மட்டும் ஆட்டிப் பாருங்கள். கார் முழுதும் ஆட வேண்டும். சீட் மட்டும் ஆடினால் உட்காரவே உட்காராதீர்கள்.

கேள்வி (சேலம்): ரேஸ் நடக்கும்போதே பக்கத்தில் உட்கார முடியுமா?

முடியாது. சர்க்யூட் ரேஸில் ஓட்டுபவர் மட்டும்தான். ராலியில் பக்கத்தில் இருப்பவர் வழி சொல்லும் நேவிகேட்டர். அவரும் லைசென்ஸ் எடுத்த போட்டியாளர்தான். நமக்கு வாய்ப்பு ட்ராக் டேயில் மட்டும். அதிலும் ஆள் ஏற்றலாமா என்பது நடத்துபவர்களின் முடிவு. முன்கூட்டியே கேளுங்கள், கையெழுத்து வாங்கும் தாளை முழுதும் படியுங்கள்.

கேள்வி (மதுரை, ஒரு அப்பா): ரோல் கேஜை மகனே வெல்டிங் வைத்திருக்கிறான். நல்லதா கெட்டதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

கேஜ் என்பது கார் உருண்டாலும் ஆள் நசுங்காமல் காக்க உள்ளே கட்டும் இரும்புக் கூண்டு. முதலில் அதன் பைப்பைக் கேளுங்கள். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ஜி.ஐ. பைப் என்றால் அந்தக் காரில் ஏறாதீர்கள். அது நீளவாக்கில் மூட்டுப் போட்ட பைப், அடி விழுந்தால் அந்த மூட்டு வாய் பிளக்கலாம். மேலே துத்தநாகப் பூச்சு இருப்பதால் வெல்டிங்கும் சுத்தமாகப் பிடிக்காது, அந்தப் புகையை இழுத்த பையனுக்கு ராத்திரி காய்ச்சலே வரும். கேஜுக்கு வேண்டியது மூட்டில்லாத சீம்லெஸ் பைப். சர்வதேச மோட்டார் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ.வின் விதிப்படி, முதுகுக்குப் பின்னால் நிற்கும் முக்கிய வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும், அல்லது 50 விட்டமும் 2 கனமும் வேண்டும்.

அடுத்து, கால்கள். கேஜின் ஒவ்வொரு கால் அடியிலும் குறைந்தது 3 மில்லிமீட்டர் கனத் தகடு, 120 சதுர சென்டிமீட்டர் பரப்பில் இருக்க வேண்டும். விரல்களை விட்டுவிட்டுப் பார்த்தால், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய அளவு.

பிறகு வெல்டிங். ஒவ்வொரு மூட்டையும் விரலால் முழுச் சுற்றும் தடவுங்கள். மேல்பக்கம் கூரையை ஒட்டிய இடத்தில் வெல்டிங் டார்ச் போகாது என்பதால் அங்கே மட்டும் பாதியில் விட்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். என் மகள் கூரைப் பக்கத்தை வெல்டு வைப்பதற்காகக் கேஜைக் கீழே இறக்க முடிகிற மாதிரி காரின் தரைத் தகட்டில் ஓட்டை போட்டு வைத்திருந்தாள். அந்த ஓட்டையைப் பார்த்தபோதுதான் இந்தப் பெண் வேலை தெரிந்தவள் என்று எனக்கு நிம்மதி வந்தது.

கடைசியாக, இடது கதவுப் பக்கம் குறுக்குப் பைப் இருக்கிறதா? எடை குறைக்கிறேன் என்று அதை விட்டுவிடுகிறார்கள். அது இல்லாத காரில் தனியாக ஓட்டிக்கொள்ளட்டும். நீங்கள் வெளியே நின்று பாருங்கள்.

கேள்வி (திருப்பூர், ஒரு அம்மா): சேலையில் உட்காரலாமா? எனக்குச் சுடிதார் பழக்கம் இல்லை.

சேலை வேண்டாம்மா. இடுப்பு பெல்ட்டும் இரண்டு தொடைக்கு நடுவில் வரும் பெல்ட்டும் உடம்போடு ஒட்டிப் படிய வேண்டும். கொசுவம் இருந்தால் படியாது. அவசரத்துக்கு இறங்கும்போது முந்தானை மாட்டிக்கொள்ளும். தீப்பிடிக்காத ரேஸ் சூட் இரவல் கிடைத்தால் அதுதான் உத்தமம். இல்லையென்றால் முழுக்கைப் பருத்திச் சட்டை, பருத்தி பேன்ட். நைலான், பாலியஸ்டர் கூடவே கூடாது, சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிவிடும். வளையல், சங்கிலி, தாலிக்கொடி எல்லாவற்றையும் பத்திரமாகக் கழற்றி வைத்துவிட்டு ஏறுங்கள். தாலியைக் கழற்ற மனசு வராதென்றால் ஏற வேண்டாம், அதில் தவறே இல்லை.

கேள்வி (பொள்ளாச்சி): எனக்குக் கழுத்துத் தேய்மானம் உண்டு. மூன்று ரவுண்டு தாங்குமா?

தலை சுமார் 5 கிலோ, ஹெல்மெட் ஒன்றரை கிலோ. நல்ல டயர் போட்ட கார் வளைவில் திரும்பும்போது ஏறக்குறைய அதே எடை பக்கவாட்டிலும் இழுக்கும். ஆறரை கிலோவைக் கழுத்து குறுக்கே தாங்குகிறது. நல்ல கழுத்துக்கே மறுநாள் வலி இருக்கும். மருத்துவர் சரி சொன்னால் ஒழியப் போகாதீர்கள்.

கழுத்து நன்றாக இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஹான்ஸ் என்று தோளில் மாட்டும் ஒரு கருவி உண்டு. அமெரிக்காவில் ராபர்ட் ஹப்பார்டு என்ற பேராசிரியரும் ஜிம் டவுனிங் என்ற ரேஸ் ஓட்டுநரும் 1980களில் உருவாக்கியது. மோதலில் உடம்பை பெல்ட் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் பாயும். அப்போது மண்டையோட்டின் அடிப்பகுதி முறியாமல் காப்பது இதுதான். ஃபார்முலா ஒன்னில் 2003 முதல் கட்டாயம். பிள்ளை அதை மாட்டியிருக்கிறார், நமக்கு இல்லை என்றால், இன்னொன்று கிடைக்கும் வரை காத்திருப்பது நல்லது. பைக் ஹெல்மெட்டில் அதை மாட்ட முடியாது. உள்ளே தீ தாங்கும் துணி வைத்த கார் ரேஸ் ஹெல்மெட் வேண்டும்.

கேள்வி (நாமக்கல்): இதயத்தில் ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் ஆகிறது. மெதுவாக ஓட்டச் சொல்லிப் போகலாமா?

உங்கள் இதய மருத்துவரிடம் கேட்காமல் ஒரு ரவுண்டுகூட வேண்டாம் ஐயா. மெதுவாக ஓட்டினாலும் உள்ளே ஏ.சி. கிடையாது, ஹெல்மெட்டுக்குள் வெக்கை, நெஞ்சு படபடப்பு எல்லாம் இருக்கும்.

கேள்வி (கரூர்): வாந்தி வருமோ என்று பயம்.

இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, அவ்வளவுதான். வெறும் வயிறும் ஆகாது. கண்ணை டேஷ்போர்டில் வைக்காமல், அடுத்த வளைவு எங்கே இருக்கிறதோ அங்கே வையுங்கள். முதல் தடவை மூன்று ரவுண்டோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி (திருச்சி): ட்ராக் தூரம். ராத்திரி ரிங் ரோட்டில் ஒரு தடவை காட்டுகிறேன் என்கிறாள் மகள்.

வேண்டவே வேண்டாம். பதிவில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றிக் கட்டுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தடுக்கிறது. இதைவிடப் பெரிய விஷயம், ஹெல்மெட் இல்லாமல் கேஜுக்குள் உட்கார்வது. சின்ன மோதலிலேயே தலை அந்த இரும்புப் பைப்பில் போய் இடிக்கும். அப்புறம், ரோட்டில் எதிரே வருகிறவரும் யாரோ ஒருத்தரின் பிள்ளை.

கேள்வி (கோவை, ஒரு அம்மா): உள்ளே உட்கார்ந்ததும் என்ன செய்ய வேண்டும்? பேசலாமா?

பேசாதீர்கள். சத்தத்தில் காதில் விழாது, விழுந்தால் கவனம் சிதறும். கிளம்பும் முன் ஒரு சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வைத்திருப்பது, கையை விரித்து விண்ட்ஷீல்டுக்கு நேரே காட்டினால் அந்த ரவுண்டோடு பிட்டுக்குப் போக வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது.

கையை மடியில் வையுங்கள், இல்லையென்றால் நெஞ்சு பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். பயத்தில் கை தானாகக் கேஜ் பைப்பைத் தேடும். கார் உருண்டால் அந்த விரல்கள் போய்விடும். கால் ஊன்ற ஒரு தகடு இருந்தால் பாதி பயம் குறையும். நான் செக்கர்டு பிளேட்டில் ஒன்று வெட்டிப் போட்டுக்கொண்டேன். தீயணைப்பான் எங்கே, மொத்த மின்சாரத்தையும் நிறுத்தும் சுவிட்ச் எங்கே, பெல்ட்டை எப்படிக் கழற்றுவது, இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

மற்ற நேரம் பிள்ளையின் கையைப் பாருங்கள். என் மகள் ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் கியரைக் குறைத்ததும், குமிழை ஆள்காட்டி விரலால் இரண்டு தட்டு தட்டுவாள். லேத்தில் டூலைப் பிடித்து இறுக்கியதும் டூல் போஸ்ட்டை அப்படி இரண்டு தட்டு தட்டுவது என் பழக்கம். அவள் சின்ன வயதில் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அங்கிருந்து பார்த்திருக்கிறாள் போல. நான் அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாளோ என்று இருக்கிறது.

கேள்வி (ஊர் வேண்டாம் என்றார், ஒரு அப்பா): வேலையை விட்டுவிட்டு, சேமிப்பு எல்லாவற்றையும் அந்தக் காரில் போட்டான். ஒன்றரை வருஷமாகப் பேச்சில்லை. போன வாரம் அவன் அம்மாவிடம், "அப்பாவை ட்ராக்குக்கு வரச் சொல்லு" என்றானாம். என்ன செய்ய?

போங்க சார். அவர் உங்களுக்காக ஒரு சீட் மாட்டியிருக்கிறார் என்று அர்த்தம். ரேஸுக்கு அந்த சீட் தேவையில்லை, 15 கிலோ, 20 கிலோ கூடுதல் எடைதான். அந்த எடையைக் குறைக்க ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தகட்டைச் சுரண்டுகிற பிள்ளை, உங்களுக்காக அதைத் திரும்ப ஏற்றியிருக்கிறார்.

பணத்தைப் பற்றிய பேச்சு அன்றைக்கு வேண்டாம். எதைப் பேசுவது என்று தெரியாவிட்டால், "இந்த மூட்டை எப்படி வெல்டு வைத்தாய்?" என்று ஒரு இடத்தைக் காட்டிக் கேளுங்கள். அதற்கு அரை மணி நேரம் பதில் சொல்வார், கேட்டுக்கொண்டிருங்கள். சீட்டை ஆட்டிப் பார்க்க மறக்காதீர்கள். அவர் முன்னாலேயே ஆட்டுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். சட்டையும் பேன்ட்டும் பருத்தி. இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்டுபோங்கள். ஓட்டிவிட்டு இறங்கும்போது உங்களைவிட அவருக்குத்தான் தாகம் அதிகமாக இருக்கும், முதல் பாட்டிலை அவரிடம் கொடுங்கள்.