அழுதது எந்தக் குழந்தை?

கேள்வி: எனக்கு 33 வயது. ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு ‘ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்’ என்கிற திகில் வீடியோ கேம் விளையாடுகிறேன். முதல் பாதி அபாரம், இரண்டாம் பாதி சொதப்பல் என்பது என் கருத்து. இப்போது அதில் கடைசியாக வரும் ஃபேக்டரி கட்டத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். மனைவியோ ‘ரத்தக் காட்டேரி கேம்’ என்று ஒதுக்கிவிட்டுச் சண்டைக்கு வருகிறாள். ஒலியமைப்பு எவ்வளவு தத்ரூபம் தெரியுமா, பொம்மை வீட்டுக் கட்டத்தில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டு, கேமில்தான் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் ஹெட்போனைக் கழற்றவே இல்லை. அப்புறம் பார்த்தால் எங்கள் ஏழு மாத மகள்! இது நல்ல கேம்தான் என்று மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: ‘கொஞ்ச நேரம்’ என்றால் எவ்வளவு நேரம்? இரண்டு நிமிடமா, இருபது நிமிடமா? உங்கள் இரண்டு பக்கக் கடிதத்தில் (இங்கே சுருக்கியிருக்கிறேன்) மற்றதெல்லாம் துல்லியமாக இருக்கிறது. எந்தத் துப்பாக்கியை எப்போது மேம்படுத்தினீர்கள் என்பதுகூட. இந்த ஒரு இடத்தில் மட்டும் கணக்கு இல்லை.

நானும் அந்த கேமை முடித்தவன்தான், அதனால் கேம் என்றாலே கெடுதல் என்கிற பழைய பாட்டை உங்களிடம் பாடப் போவதில்லை. காட்டேரி விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வதும் முழுக்கச் சரியில்லை. 2021 மே மாதம் வந்த இந்த கேமில் வில்லன்களாக நான்கு பிரபுக்கள், அதில் ஒருத்திதான் ரத்தம் குடிக்கிற டிமிட்ரெஸ்கு சீமாட்டி. தொப்பியும் குதிகாலும் சேர்த்து 290 சென்டிமீட்டர் உயரம், வாசலில் குனிந்து நுழைகிறாள், நம் வயிறு கலங்குகிறது. அவளும் அசல் காட்டேரி இல்லை. பரம்பரை ரத்த நோய், அதன்மேல் உடம்புக்குள் வைத்த ஒட்டுண்ணி. மூன்று மகள்களும் பூச்சிக்கூட்டமாகப் பறந்து வருகிறார்கள், குண்டு பட்டால் ஒன்றும் ஆகாது, ஜன்னலை உடைத்துக் குளிர்காற்றை உள்ளே விட்டால் இறுகிப்போகிறார்கள். இவ்வளவு அழகாகக் கட்டின கோட்டையைச் சீக்கிரமே முடித்துவிட்டு, கடைசியில் நம்மை ஃபேக்டரியில் விட்டு ‘சுடு, சுட்டுக்கொண்டே இரு’ என்கிறார்கள். பயம் போய்க் கைவலிதான் மிச்சம். நடுவில் வரும் மீன் மனிதன் பாவம், எனக்கு அவன்மேல் பரிதாபம்தான் வந்தது. ஆக, பின்பாதி சொதப்பல் என்பதில் நானும் உங்கள் கட்சி.

சரி, பொம்மை வீட்டுக்கு வருவோம். அங்கே கையிலிருக்கிற ஆயுதம் அத்தனையும் போய்விடுகிறது. ராட்சசக் கரு ஒன்று மழலையும் அழுகையுமாகத் தாழ்வாரத்தில் ஊர்ந்து வருகிறது, நாம் கட்டிலுக்கடியில் ஒளிகிறோம். கேமிலேயே ஆகச் சிறந்த இடம் அதுதான், ஏனென்றால் ஓடி வந்து தூக்க வேண்டிய அப்பனையே குழந்தைச் சத்தத்துக்குப் பயந்து ஒளிய வைக்கிறார்கள். நீங்கள் அங்கே ஒளிந்துகொண்டிருந்த நேரத்தில் பக்கத்து அறையில் உங்கள் மகள் நிஜமாகவே அழுதிருக்கிறாள். அதை ஒலியமைப்புக்குப் பாராட்டாக எழுதியிருக்கிறீர்களே ஐயா, வெட்கமாக இல்லையா?

கேமில் நாம் ஆடும் நாயகன் ஈத்தன் என்ன செய்கிறான் என்று பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? கடத்தப்பட்ட தன் ஆறு மாதக் கைக்குழந்தை ரோஸைத் தேடிக் கை துண்டாகியும், மருந்தை ஊற்றி ஒட்டவைத்துக்கொண்டு நடக்கிறான் (அந்த மருந்து எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது). அவனுக்கு முகமே காட்டவில்லை, வசனமும் சுமார் என்று நீங்கள் குறைப்படுவது நியாயம்தான். ஆனால் அப்பன் வேலையை அவன் ஒழுங்காகச் செய்கிறான்.

டைப்ரைட்டர் (ஆட்டத்தைச் சேமிக்கும் இடம்) வரும்வரை நிறுத்த முடியாது என்று எனக்குச் சமாதானம் எழுதிவிடாதீர்கள். அந்த கேமை எந்த நொடியிலும் நிறுத்திவைக்கலாம், அது உங்களுக்கும் தெரியும்.

மனைவிக்கு என்ன புரியவைக்க வேண்டும் என்கிறீர்கள்? அன்று ராத்திரி நடந்தது அவளுக்குத் தெரியுமா என்றே நீங்கள் எழுதவில்லை, தெரியாது என்றுதான் எனக்குப் படுகிறது. கேம் கதையின் பெரிய ஓட்டையே ஈத்தனுக்குத் தெரிந்த படைவீரன் கிறிஸ்தான். வீட்டுக்குள் புகுந்து ஈத்தனின் மனைவியைச் சுடுகிறான், சுட்டது அவளை இல்லை, அவள் வேஷத்தில் இருந்த முக்கிய வில்லி மிராண்டாவை என்று ஒரு வரி சொல்லியிருந்தால் பாதி ரத்தம் மிச்சமாகியிருக்கும். நீங்களும் அந்த ஒரு வரியைச் சொல்லுங்கள், எத்தனை நிமிடம் என்பதையும் சேர்த்து. திட்டுவாள், திட்டட்டும். பிறகு ராத்திரிகளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் முறை வரும் ராத்திரியில் கேம் கிடையாது. அவள் முறையில் விளையாடுங்கள், அப்போதும் ஹெட்போன் ஒரு காதில் மட்டும். பெற்றவனுக்கு இது தியாகம் இல்லை, கடமை, அதற்காக யாரும் உங்களைப் பாராட்ட வேண்டியதில்லை.

ஃபேக்டரியில் விசிறியைத் தலையாக வைத்துக்கொண்டு வருபவனிடம்தான் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நேருக்கு நேர் சுட்டுக் குண்டை வீணாக்காதீர்கள். சுவரில் மோதவிட்டு, அவன் தடுமாறும்போது முதுகில் சுடுங்கள்.