அயர்லாந்தில் நடக்கும் இணைய ஸ்டார்ட்அப் போட்டிகளில் கலந்துகொள்வதால் உண்மையில் பயன் உண்டா?

கேள்வி கேட்டவர் கீழே இன்னும் கொஞ்சம் விவரம் சேர்த்திருக்கிறார். அவருடைய தம்பி டப்ளினில் எம்.எஸ்சி. படிக்கிறார், வகுப்புத் தோழர்கள் இருவரோடு சேர்ந்து ஓர் இணையச் சேவை செய்து வைத்திருக்கிறார், ஏதோ ஒரு போட்டிக்கு விண்ணப்பிக்கப் போகிறாராம். படிப்பும் கெட்டு, விசாவிலும் சிக்கல் வந்துவிடுமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

பயன் உண்டு. நான் அப்படி ஒரு போட்டியில் தோற்றவன், அதனால் என் பேச்சை ஓரளவு நம்பலாம்.

2019 நவம்பர். போட்டியின் பெயர் வேண்டாம். அயர்லாந்தின் நடுப்பகுதியில் ஒரு சிற்றூர் ஓட்டல், முந்தைய நாள் கல்யாணத்துக்குக் கட்டிய துணிகளைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. காலை பத்து மணிக்கே சமையலறையிலிருந்து மாட்டிறைச்சி ரோஸ்ட் வாசனை. மேடையில் ஒரு திரை, எதிரே மூன்று நடுவர்கள், பின்னால் எங்களைப் போல ஒன்பது குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் நான்கு நிமிடம் பேச்சு, ஆறு நிமிடம் கேள்வி. எங்கள் குழுவில் நான், கூட வேலை செய்த இரண்டு ஐரிஷ் நண்பர்கள். நிரல் எழுதியது நான் என்பதால் பேசவும் என்னையே தள்ளிவிட்டார்கள்.

எங்கள் யோசனை இது. அயர்லாந்தில் கிட்டத்தட்ட ஒவ்வொரு பங்கிலும் ஒரு ஜிஏஏ (கேலிக் விளையாட்டுச் சங்கம்) கிளப் இருக்கும். பங்கு என்றால் பாதிரியார் இருக்கும் பங்கு, ஷேர் மார்க்கெட் பங்கு அல்ல. கேலிக் கால்பந்து, ஹர்லிங் என்ற ஐரிஷ் பாரம்பரிய ஆட்டங்களை நடத்தும் இந்தச் சங்கம் 1884-இல் தர்ல்ஸ் ஊரில் தொடங்கியது. இன்றுவரை ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. டப்ளின் க்ரோக் பார்க்கில் 82,300 பேர் முன்னால் இறுதிப்போட்டி ஆடியவர்கூட விடுமுறை முடிந்தால் வேலைக்குப் போக வேண்டும். உள்ளூர் கிளப்பை நடத்துபவர்களும் அநேகமாக எல்லோரும் தொண்டர்கள்தான். கிளப்பின் மைதானத்தையோ மண்டபத்தையோ வாடகைக்கு எடுக்க வேண்டுமென்றால் யாராவது ஒருவருக்கு போன் செய்து, அவர் நோட்டில் எழுதி, சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடி... இதை இணையத்தில் பதிவு செய்து காசு கட்டும் சேவையாக மாற்றினோம். மூன்று பேருக்கும் ரொம்பப் பெருமை.

நான் என்ன செய்தேன்? உலகம் முழுக்க விளையாட்டுத் திடல் வாடகைச் சந்தை இத்தனை பில்லியன் டாலர் என்று ஒரு பெரிய வட்டம், அதற்குள் சின்ன வட்டம், அதற்குள் இன்னும் சின்ன வட்டம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். நடுவர்களில் ஒருவர் அறுபது வயதுப் பெண்மணி. பக்கத்து மூன்று ஊர்களில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"வட்டமெல்லாம் இருக்கட்டும். இந்த ஊர் கிளப்பில் உங்களுக்கு யார் காசு தருவார்?"

"கிளப் செயலாளர்" என்றேன்.

"எந்தச் செயலாளர்? டிசம்பரில் ஆண்டுப் பொதுக்கூட்டம். இப்போது இருப்பவர் விலகப்போகிறார். அடுத்து வரப்போவது என் தங்கை மகன். அவன் மின்னஞ்சலைத் திறந்து பார்த்தே மாதக்கணக்காகும்."

அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. ஆனால் அந்த இடத்திலேயே எங்கள் கணக்கு முழுவதும் உடைந்துவிட்டது. ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடிய, சம்பளமில்லாத ஒருவரிடம் மாதச் சந்தா விற்கக் கிளம்பியிருக்கிறோம். எட்டு மாதம் நிரல் எழுதிய எங்களுக்குத் தோன்றாதது, ஆணியும் பெயிண்டும் விற்பவருக்கு அரை நிமிடத்தில் தோன்றியது. அவருக்கு எங்கள் வாடிக்கையாளரைப் பெயரோடு தெரியும், அவ்வளவுதான்.

இறங்கும்போது இன்னொரு நடுவர் "ஃபேர் ப்ளே டு யே, லேட்ஸ்" (சபாஷ் பசங்களா) என்று தோளில் தட்டினார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். அது "பாவம், முயற்சி செய்தீர்கள்" என்ற அர்த்தத்திலும் வரும் என்று காரில் போகும்போதுதான் நண்பன் விளக்கினான். (ஐரிஷ்காரர்கள் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது அபூர்வம். "இன்ட்ரஸ்டிங்" என்றால் கவனமாக இருங்கள்.) பரிசு, பள்ளிப் புத்தகங்களைக் கைமாற்றி விற்கும் ஒரு தளத்துக்குப் போனது.

ஆனால் கிளம்புவதற்கு முன் கார் நிறுத்துமிடத்தில் அந்த ஹார்டுவேர் கடைக்காரர் வந்து ஒரு ரசீதின் பின்பக்கத்தில் இரண்டு தொலைபேசி எண்களை எழுதிக் கொடுத்தார். ஒன்று ஒரு சமூகக் கூட மேலாளருடையது, இன்னொன்று உடற்பயிற்சிக் கூடம் வைத்திருக்கும் ஒரு மேல்நிலைப் பள்ளியின் அலுவலகம். "இவர்களுக்குச் சம்பளம் உண்டு, அடுத்த வருடமும் இதே நாற்காலியில் இருப்பார்கள்" என்றார். 2020 ஜனவரியில் எங்கள் முதல் கட்டண வாடிக்கையாளர் அந்தச் சமூகக் கூடம்தான். மார்ச்சில் கொரோனா வந்து எல்லாக் கூடத்தையும் பூட்டினார்கள், அது வேறு கதை. திரும்பத் திறந்தபோது பதினைந்து பதினைந்து பேராகப் பிரித்துத்தான் பயிற்சி, யார் வந்தார் போனார் என்று பட்டியல் வேண்டும் என்றார்கள். நோட்டுப் புத்தகத்தோடு தொங்கிக்கொண்டிருந்தவர்கள் அப்போது தாங்களாகவே எங்களைக் கூப்பிட்டார்கள்.

அந்த ரசீதைத்தான் நான் பயன் என்று சொல்கிறேன். 51 லட்சம் பேர் உள்ள நாடு இது (2022 கணக்கெடுப்பு). நடுவராக உட்கார்பவருக்கும் உங்கள் வாடிக்கையாளருக்கும் நடுவில் ஒரே ஓர் ஆள்தான் இருப்பார், பல நேரம் அவர்கூட இருக்க மாட்டார். வெளியிலிருந்து வந்த நமக்கு அந்த ஆளைப் பிடிப்பதுதான் கஷ்டம். போட்டி அதற்கு ஒரு குறுக்குவழி.

நாடு இவ்வளவு சின்னதாக இருப்பதற்கு மறுபக்கமும் உண்டு. உள்நாட்டுச் சந்தையை மட்டும் நம்பி இங்கே பெரிய இணைய நிறுவனம் கட்ட முடியாது. அதனால் எந்த மேடையிலும் இரண்டாவது கேள்வி "அயர்லாந்துக்குப் பிறகு எங்கே?" என்பதாகத்தான் இருக்கும். என்டர்பிரைஸ் அயர்லாந்து என்ற அரசு நிறுவனம் கைகொடுக்கும் ஸ்டார்ட்அப்புகளுக்கு ஒரு வரையறையே வைத்திருக்கிறது. மூன்று நான்கு ஆண்டுகளில் 10 வேலைகள், 10 லட்சம் யூரோ விற்பனை, அதோடு வெளிநாட்டுச் சந்தைக்குப் போகும் திறன். நாங்கள் "அடுத்து பிரிட்டன்" என்று சொல்லி வைத்திருந்தோம். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

இவ்வளவு போட்டிகள் எங்கிருந்து வந்தன? 2008-இல் இங்கே வீட்டு மனைக் குமிழி உடைந்து வங்கிகள் சாய்ந்தன. 2010-இல் ஐரோப்பிய ஒன்றியமும் ஐஎம்எஃப்பும் சேர்ந்த 85 பில்லியன் யூரோ மீட்புத் திட்டம் வந்தது. வங்கியில் கடன் கேட்டுப் போகவே முடியாத அந்தக் காலத்தில் அரசே புதுக் கம்பெனிகளுக்கு முதல் பணம் போடும் விதை முதலீட்டாளராக மாறியது. காம்பெடிடிவ் ஸ்டார்ட் ஃபண்ட் என்று ஒன்று நடத்தினார்கள். பெயரிலேயே போட்டி. விண்ணப்பத்துக்கு மதிப்பெண், தேறினால் குழு முன்னால் பிட்ச் (யோசனையை விளக்கும் குறும்பேச்சு), அதிலும் தேறினால் 50,000 யூரோ, பதிலுக்கு 10 சதவீதப் பங்கு. கணக்குப் போட்டால் எல்லோருடைய கம்பெனிக்கும் ஒரே விலை, ஐந்து லட்சம் யூரோ. பேரம் கிடையாது, ரேஷன் கடை மாதிரி. இப்போது அதன் இடத்தில் ப்ரீ-சீட் ஸ்டார்ட் ஃபண்ட் இருக்கிறது. 50,000 அல்லது 1,00,000 யூரோ, பின்னால் பங்காக மாறக்கூடிய கடனாகத் தருகிறார்கள். இது தவிர நியூ ஃப்ரண்டியர்ஸ் என்ற பயிற்சித் திட்டம். அதன் இரண்டாம் கட்டத்துக்குத் தேர்வானால் ஆறு மாதம் வேலையை விட்டுவிட்டு உட்கார 15,000 யூரோ உதவித்தொகை. வட அயர்லாந்து, அயர்லாந்துக் குடியரசு இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக சீட்கார்ன் போட்டி. அதை நடத்தும் இன்டர்டிரேட் அயர்லாந்து, வட அயர்லாந்துக்கான 1998 சமாதான ஒப்பந்தத்தில் பிறந்த அமைப்பு. அதில் பரிசு ரொக்கமாகக் கிடைக்கும், பங்கு எதுவும் கேட்க மாட்டார்கள். மாணவர் என்றால் மாணவத் தொழில்முனைவோருக்கான தனி விருதுகளும் உண்டு. உங்கள் தம்பிக்கு அதுதான் முதல் படி என்பது என் அபிப்பிராயம்.

போட்டி என்றதும் இங்கே எல்லோரும் காலிசன் சகோதரர்களைத்தான் இழுப்பார்கள், நானும் இழுக்கிறேன். டிப்பரேரி மாவட்டத்தின் ட்ரோமினீர் என்ற ஏரிக்கரைக் கிராமத்துப் பையன் பேட்ரிக் காலிசன். 2005-இல் பதினாறு வயதில், குரோமா என்ற நிரல்மொழியை எழுதி, நாட்டின் பெரிய பள்ளி மாணவர் அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கினார். பலர் விட்டுவிடும் விஷயம், அதற்கு முந்தைய ஆண்டு அதே கண்காட்சியில் வேறொரு படைப்போடு வந்து முதல் பரிசைத் தவறவிட்டவரும் அவர்தான். அப்புறம் தம்பி ஜானோடு சேர்ந்து லிமெரிக்கில் ஷுப்பா என்று ஒரு கம்பெனி தொடங்கினார். ஸ்டார்ட்அப்புகளுக்குப் பணமும் பயிற்சியும் தரும் கலிபோர்னியாவின் ஒய் காம்பினேட்டர் ஆர்வம் காட்டவே அங்கே போய்விட்டார்கள். இன்னொரு குழுவோடு இணைந்து ஆக்டோமேட்டிக் ஆகி, 2008-இல் 50 லட்சம் டாலருக்கு விற்றார்கள். 2010-இல் இணையக் கட்டணச் சேவையான ஸ்ட்ரைப். இப்போது அதே கண்காட்சி 2026 முதல் ஸ்ட்ரைப் பெயரிலேயே நடக்கிறது. ஆக, பரிசு இங்கே கிடைத்தது, கம்பெனி அங்கே வளர்ந்தது. ஐரிஷ்காரர்களோடு பப்பில் இதைப் பேசினால் பெருமையும் வயிற்றெரிச்சலும் ஒரே மூச்சில் வரும்.

வெப் சம்மிட் என்ற தொழில்நுட்ப மாநாடும் அதே மாதிரிதான். 2009-இல் டப்ளினில் சிறிதாகத் தொடங்கி ஊரே நிரம்பும் அளவுக்கு வளர்ந்து, 2016-இல் லிஸ்பனுக்குப் போய்விட்டது. அங்கே நடக்கும் பிட்ச் போட்டியை ஐரிஷ் போட்டி என்று நினைத்து விண்ணப்பிக்க வேண்டாம், உலகமே வந்து நிற்கும். இதற்கு நேர்மாறாக, வாடிக்கையாளரோடு பேச உதவும் மென்பொருள் செய்யும் இன்டர்காம். அதன் நிறுவனர்கள் டப்ளினில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து பேசிப் பேசியே 2011-இல் ஆரம்பித்த கதை இங்கே பிரபலம். போட்டி மேடை ஏறாமலும் நடக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, விசா. உங்கள் வீட்டில் பயப்படுவது நியாயம்தான். ஸ்டாம்ப் என்பது இங்கே தங்குவதற்கான அனுமதியின் வகை. ஸ்டாம்ப் 2-இல் இருக்கும் மாணவர் கல்லூரி நடக்கும்போது வாரம் 20 மணி நேரம், விடுமுறைக் காலத்தில் 40 மணி நேரம் சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம். சுயதொழில் செய்ய அனுமதி இல்லை. படிப்பு முடிந்து கிடைக்கும் ஸ்டாம்ப் 1ஜி-யிலும் அதே கட்டுப்பாடு. மேடையில் யோசனையைச் சொல்வது ஒன்று, கம்பெனி நடத்தி இன்வாய்ஸ் அனுப்புவது இன்னொன்று. முதலாவதில் பிரச்சினை வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இரண்டாவதில் கை வைக்கும் முன் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. நான் வேலை பெர்மிட்டில் வருடங்களை ஓட்டி ஸ்டாம்ப் 4 வாங்கிய பிறகுதான் இதில் இறங்கினேன். ஸ்டாம்ப் 4 இருந்தால் தொழில் செய்யத் தனி அனுமதி தேவையில்லை.

நேர்வழி ஒன்றும் இருக்கிறது. ஸ்டெப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தொழில்முனைவோர் திட்டம். புதுமையான, வெளிநாட்டுக்கு விரியக்கூடிய யோசனையும் 50,000 யூரோ நிதியும் காட்டினால் இரண்டு வருட ஸ்டாம்ப் 4 தருகிறார்கள். அந்த நிதி முதலீட்டாளரிடமிருந்தோ அரசு நிறுவனத்திடமிருந்தோ வந்ததாகவும் இருக்கலாம். போட்டியில் சந்தித்த ஒருவர் முதலீடு செய்ததை வைத்து இந்த வழியில் போனவரை எனக்குத் தெரியும். ஆனால் அவருக்குப் பதினொரு வருட வேலை அனுபவம் இருந்தது. உங்கள் தம்பிக்கு இன்றைக்கு இது பொருந்தும் என்று தோன்றவில்லை.

கம்பெனி பதிவு செய்வது ரொம்ப சுலபம், இணையத்தில் 50 யூரோ. நம் ஆட்கள் இடறுவது இயக்குநர் விஷயத்தில். இயக்குநர்களில் ஒருவராவது ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசிப்பவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் 25,000 யூரோவுக்கு ஒரு பிணைப் பத்திரம் (bond) எடுக்க வேண்டும். ஊரில் இருக்கும் அண்ணனை மட்டும் இயக்குநராகப் போட்டு ஓட்டிவிடலாம் என்று தம்பி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அயர்லாந்தின் இணைய முகவரியான .ஐஇ (.ie) வாங்கவும் அயர்லாந்தோடு தொடர்பு இருப்பதற்கு ஆதாரம் கேட்பார்கள், கம்பெனி எண் இருந்தால் போதும்.

படிப்பு கெடுமா என்றால், விண்ணப்பத்துக்கு மட்டும் எங்களுக்கு மூன்று வார இறுதிகள் போயின. ஆய்வறிக்கை எழுதும் கோடை மாதங்களில் வேண்டாம் என்று சொல்லுங்கள், அக்டோபரில் செய்யட்டும். விண்ணப்பத்தில் "உங்கள் வாடிக்கையாளர் யார்?" என்று ஒரு கட்டம் நிச்சயம் இருக்கும். நாங்கள் அதில் "அயர்லாந்தின் விளையாட்டு அமைப்புகள்" என்று எழுதியிருந்தோம். உங்கள் தம்பி அந்தக் கட்டத்தில் குறைந்தது ஒரு மனிதரின் பெயரை எழுதட்டும், எழுதுவதற்கு முன் அவருக்கு ஒரு போனும் போட்டுப் பார்க்கட்டும்.