மந்திரக்கோலுக்குள் மூன்று பேட்டரி: கேள்வி பதில்

சிங்கப்பூரில் எங்கள் சமூக மன்ற நாடகத்தில் மந்திரவாதியின் கோல் ஒளிர்ந்ததைப் பார்த்தவர்கள் அதன் ரகசியத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன். மந்திரம் தெரியாது, ஈயம் உருக்கி ஒயரை ஒட்டும் சால்டரிங் தெரியும். வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

தொடக்கநிலை 4 படிக்கும் மகனுக்குச் சிறுவர் தினத்துக்கு மந்திரவாதி வேடம். எனக்கு ஒயரைப் பார்த்தாலே பயம். சுலபமான வழி இருக்கிறதா, அங்கிள்?

இருக்கிறது, சால்டரே வேண்டாம். ஒரு சிஆர்2032 பட்டன் பேட்டரியும் ஒரு நீல எல்ஈடியும் வாங்குங்கள். எல்ஈடியின் நீளமான கால் பேட்டரியின் பிளஸ் பக்கம், குட்டைக் கால் மறுபக்கம். டேப்பை இறுக்கிச் சுற்றினால் எரியும். 3 வோல்ட்தான் என்பதாலும், பேட்டரியின் உள்தடையே கரண்ட்டை அடக்கிவிடும் என்பதாலும் இங்கே கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் வேண்டாம். வேறு பேட்டரி போட்டால் ரெசிஸ்டர் கட்டாயம்.

இனி, க்ளூ கன்னுக்குப் போடும் பசைக்குச்சியில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி எல்ஈடியின் தலையில் ஒட்டுங்கள். புள்ளியாக இருந்த வெளிச்சம் குச்சி முழுக்க ஊறும். பையன் அதைக் கையைவிட்டு இறக்கமாட்டான்.

ஒன்று மட்டும் முக்கியம், அம்மா. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்தப் பேட்டரியைக் கண்ணில் காட்டாதீர்கள். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

அண்ணே, பிவிசி குழாயில் 60 எல்ஈடி உள்ள டபிள்யூஎஸ்2812பி பட்டை (ஒவ்வொரு எல்ஈடியின் நிறத்தையும் தனியாக மாற்றலாம்) சுற்றி, அதை இயக்க அர்டுவினோ நானோ என்ற குட்டிக் கணினிப் பலகை வைத்தேன். வெள்ளை போட்டால் கடைசிப் பக்கம் மஞ்சளாகிறது. சில நேரம் நிறமெல்லாம் பேய் பிடித்த மாதிரி ஆடுகிறது.

பேய் இல்லை தம்பி, பசி. அந்த எல்ஈடி ஒவ்வொன்றும் முழு வெள்ளையில் 60 மில்லிஆம்பியர் வரை குடிக்கும். 60 எல்ஈடிக்கு 3.6 ஆம்பியர். பட்டையின் மெல்லிய செம்பில் அவ்வளவு ஓடினால் வோல்டேஜ் வழியிலேயே கரைகிறது. வெள்ளையில் கலந்திருக்கும் நீலத்துக்கும் பச்சைக்கும் 3 வோல்ட்டாவது வேண்டும், சிவப்புக்கு 2 போதும். அதனால் கடைசியில் சிவப்பு தாக்குப்பிடிக்கிறது, மற்றவை மங்குகின்றன, வெள்ளை மஞ்சளாகிறது. பட்டையின் இரண்டு முனையிலும் பவர் கொடுத்தால் சரியாகும்.

நிறம் ஆடுவதற்கு முதலில் பார்க்க வேண்டியது கிரவுண்ட், அதாவது மைனஸ் ஒயர். நானோவின் கிரவுண்டும் பட்டையின் கிரவுண்டும் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறதா? அடுத்து, நானோவிலிருந்து நிறக் கட்டளை போகும் டேட்டா ஒயரில் ஒரு 330 ஓம் ரெசிஸ்டர், பவர் நுழையும் இடத்தில் வோல்டேஜ் ஆட்டத்தைத் தாங்க ஒரு 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்.

ஆனால் 60 எதற்கு? என் கோலில் 12தான். கால்வாசிப் பிரகாசத்தில் 180 மில்லிஆம்பியர்தான் ஆகும், மூன்று ஏஏ பேட்டரி நாடகம் முழுக்கத் தாங்கும். எல்ஈடிகளைத் தலையணைப் பஞ்சில் புதைத்து, மேலே பால்நிற பிளாஸ்டிக் உருண்டையை மாட்டினேன். எல்ஈடி கண்ணுக்குத் தெரிந்தால் அது விளக்கு, தெரியாவிட்டால்தான் மந்திரம். வானவில் ஓட்டமும் வேண்டாம். அது மந்திரவாதியின் கோல் இல்லை, சிராங்கூன் சாலை தீபாவளி ஒளியூட்டு. ஒரே நிறம், மூச்சு விடுவது போல ஏறி இறங்கட்டும். பாதி நேரம் அணைந்தே இருக்கட்டும்.

குழாய் மரம் போலத் தெரிய, டிஷ்யூ பேப்பரை வெள்ளைப் பசையில் நனைத்துச் சுருக்கம் சுருக்கமாக ஒட்டுங்கள். காய்ந்ததும் கறுப்பு அடித்து, மேலே பழுப்பை லேசாகத் தேய்த்தால் போதும். மழைநாளில் காய ஒரு நாள் கூடுதலாகும்.

சுவிட்சை அழுத்துவது பார்வையாளர்களுக்குத் தெரியாமல் செய்ய முடியுமா?

ரீட் சுவிட்ச் போடுங்கள். சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய தகடு. காந்தம் அருகே வந்தால் ஒட்டிக்கொள்ளும். அதைக் கோலுக்குள் வையுங்கள், காந்தத்தை மோதிரத்தில் ஒட்டுங்கள். மோதிர விரல் கோலைத் தடவினால் விளக்கு எரியும். சுவிட்சின் கம்பிக் கால்களை மடக்கும்போது கண்ணாடியை ஒட்டி மடக்கினால் விரிசல் விடும். கண்ணாடிக்கும் மடக்கும் இடத்துக்கும் நடுவில் காலைக் குறடால் பிடித்துக்கொண்டு மடக்குங்கள். நான் மூன்றை உடைத்த பிறகுதான் இது புரிந்தது.

பவர் பேங்க் போட்டேன். அரை நிமிடத்தில் தானே அணைகிறது.

கரண்ட் மிகக் குறைவாகப் போனால், ஃபோன் நிறைந்துவிட்டது என்று பல பவர் பேங்குகள் தூங்கிவிடும். ஏஏ பேட்டரிக்கு மாறுங்கள். பிள்ளைகளின் உடையில் உறை இல்லாத ரீசார்ஜ் லித்தியம் செல் கூடவே கூடாது.

இடிச் சத்தம்?

டிஎஃப்பிளேயர் மினி, ஒலிக்கோப்பை இசைக்கும் சின்னப் பலகை. 32 ஜிபி வரை மைக்ரோஎஸ்டி ஏற்கும். ஸ்பீக்கரை மூடிய சின்ன டப்பாவில் பொருத்துங்கள், வெறுமனே தொங்கவிட்டால் இடி கொசுவாகிவிடும்.

புகைக்கு உலர்பனி? கையிலிருந்து லேசர்?

உலர்பனி மைனஸ் 78.5 டிகிரி, வெளிவருவது கரியமில வாயு. ஏர்கான் போட்டு மூடிய வகுப்பறையில் வேண்டாம். லேசர் எங்கேயும் வேண்டாம்.

சாமான் எங்கே வாங்குவது?

ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவர். சிம் லிம் ஸ்குவேருக்குப் போய்விட்டு என்னைத் திட்டாதீர்கள், அது வேறு கட்டடம். இன்னொன்று: ஒயர் தொங்க, பேட்டரி டேப்போடு, மினுக்கிக்கொண்டிருக்கும் குழாயோடு எம்ஆர்டி ரயிலில் ஏறாதீர்கள். பேட்டரியைக் கழற்றித் தனியாகக் கொண்டுபோங்கள்.

எங்கள் கதையில் மந்திரவாதியின் உயிர் ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் இருக்கிறது. கிளியின் நெஞ்சில் விளக்கு வைத்திருக்கிறோம். அதுவும் கோலும் ஒன்றாக, மெதுவாக அணைய வேண்டும்.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். எங்கள் நாடகத்திலும் இதே கிளிதான். நானோவில் முழுப் பிரகாசத்துக்கு எண் 255. அதிலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்தால் வெகுநேரம் எதுவும் நடக்காதது போலிருந்து, கடைசியில் பொசுக்கென்று அணையும். நம் கண் அப்படி. எண்ணை அதே எண்ணால் பெருக்கி 255ஆல் வகுத்து அனுப்புங்கள். 128 வரும்போது 64தான் போகும், இறக்கம் சீராகத் தெரியும். நிரல் எழுதும்போது ஒன்று: நானோவில் எண்ணை வைக்கும் சாதாரண இன்ட் வகை 32767 வரைதான் கொள்ளும். அதைவிடப் பெரிய எண்ணைக் கொள்ளும் அன்சைன்ட் இன்ட் வகையைப் போடாவிட்டால் கணக்கு கவிழும்.

இரண்டையும் வயர்லெஸ்ஸில் இணைக்கலாம். நான் இணைக்கவில்லை. கிளியைப் பிடித்திருக்கும் பிள்ளையிடம் ஒரு பட்டன், மந்திரவாதியிடம் ஒரு பட்டன், "போச்சே என் உயிர்" என்ற வசனம் இருவருக்கும் சைகை. எங்கள் நாடகத்தில் கிளி முதலில் அணையத் தொடங்கியது, மந்திரவாதி அரை நொடி பிந்திவிட்டார். அந்த அரை நொடியில் அரங்கமே அவரைத் திரும்பிப் பார்த்தது. மறுநாள் காட்சியில் வேண்டுமென்றே பிந்தச் சொன்னோம்.