வீடு வாசல்: பேசி முடித்த விலையை மறுபடியும் பேசலாமா?

கேள்வி: அக்காவுக்கு வணக்கமுங்க. உடுமலைப்பேட்டையில் மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுத்திருக்கிறோம். மூன்றரை சென்ட், 2004-ல் கட்டினது, கீழ்வீடு மட்டும். விற்பவர் ரிட்டயர் ஆன டீச்சரம்மா. அவர் வீட்டுக்காரர் தவறிவிட்டார். சென்னையில் மகனோடு போய் இருக்கப் போகிறார். 48½ லட்சம் சொன்னார். என் மாமனார் உட்கார்ந்து பேசி, பழைய வீடு, வேலை இருக்கும் என்று சொல்லி 46 லட்சத்துக்கு முடித்தார். ஆவணியில் 3 லட்சம் கொடுத்து மூன்று மாதத் தவணைக்கு அக்ரிமென்ட் போட்டோம். பேங்க் லோன் 80 சதவீதம்.

அதற்கப்புறம்தான் தெரிந்த இன்ஜினியர் ஒருவரைக் கூட்டிப் போய்க் காட்டினோம். மொட்டை மாடியில் பதித்த தட்டோடுகளின் இடுக்குகள் விட்டிருக்கின்றன, சரிசெய்ய 48,000. மேற்குப் பக்கம் இரண்டு சன்ஷேடில் கம்பி தெரிகிறது, 22,000. எர்த் சரியில்லை, கரன்ட் கசிந்தால் தானே அணைக்கிற இ.எல்.சி.பி. இல்லை, 14,000. பாத்ரூம் சுவரில் ஓதம், குழாய் ஒழுக்கு, 17,000. சுவர்களில் மயிரிழை விரிசல், பெயின்ட் உள்பட 34,000. ஆக 1,35,000 என்று எழுதிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் 2 லட்சம் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்கிறார். மாமனாரோ, "பேசின பேச்சு பேச்சுதான், மறுபடியும் போய் அந்தம்மா வாசல்ல நான் நிக்க மாட்டேன்" என்கிறார். நான் நடுவில் நிற்கிறேன். இன்னொன்று, சாமி ரூம் சீலிங்கில் மட்டும் புதுசாக வெள்ளை அடித்த மாதிரி இருக்கிறது. இன்ஜினியர் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.
— கே.எம்., உடுமலை

பதில்: கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே அம்மிணி, சாமி ரூம் சீலிங், அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

எங்கப்பா மேஸ்திரி. கோபியைச் சுற்றி நிறைய வீடு கட்டினவர். பழைய வீடு பார்க்கப் போனால் வாசலில் செருப்பை விட்டதும் நேராக ஹாலில், நடு ஆசாரத்தில் போய் நின்று அண்ணாந்து பார்ப்பார். "வீடு பூரா ஒரே வெள்ளையா இருந்தாப் பயமில்ல கண்ணு. ஒரு ரூம் மட்டும் வெளுப்பா இருந்தா, அங்க என்னமோ இருக்குது" என்பார். நான் சிவில் படித்து 27 வருஷம் சைட்டில் நின்ற பிறகும் அதையேதான் செய்கிறேன்.

நாளைக்கே ஒரு ஸ்டூலும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு அந்த இன்ஜினியரை மறுபடியும் கூட்டிப் போங்கள். அந்தச் சீலிங்கை நான்கு மூலையிலும் நடுவிலும் மெல்லத் தட்டச் சொல்லுங்கள். ணங் ணங் என்று கெட்டியாகக் கேட்டால், மாடியிலிருந்து தண்ணீர் இறங்கிக் கறை பட்டிருக்கிறது, வெள்ளை அடித்து மறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஓட்டை டப்பாவைத் தட்டினது போலத் தொப் தொப் என்று கேட்டால் விஷயம் வேறு. உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அப்போது 1,35,000 கணக்கு செல்லாது. புது மதிப்பீடு வாங்கும் வரைக்கும் பத்திரத் தேதியைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள்.

கூடவே இன்னொரு சோதனையும் செய்யலாம். டீச்சரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, மாடியில் மழைத்தண்ணிக் குழாய் வாயைச் சாக்கு வைத்து அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். சாமி ரூமில் ஈரம் பூத்தால் தெரிந்துவிடும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் செய்யுங்கள். மழை வந்துவிட்டால் சோதனையும் முடியாது, தட்டோடு வேலையும் நடக்காது.

சுத்திச் சத்தம் கெட்டியாகத்தான் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

உங்கள் லிஸ்டில் சன்ஷேடு கம்பி ரோட்டிலிருந்தே தெரியும். சுவர் விரிசல் எல்லோர் கண்ணுக்கும் படும். பாத்ரூம் குழாய் சொட்டுவது காதில் விழும். இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தானே உங்கள் மாமனார் "பழைய வீடு, வேலை இருக்கும்" என்று சொல்லி இரண்டரை லட்சம் குறைத்தார்? அந்த வேலைக்கான காசை அன்றைக்கே வாங்கியாகிவிட்டது. அதையே இன்ஜினியர் பேப்பரில் எழுதிக் கொடுத்துவிட்டார் என்பதற்காக இரண்டாம் முறை கேட்பது நியாயமில்லை. மாமனார் கூசுகிறாரே, அந்தக் கூச்சம் சரியானது. நம்ம பக்கத்தில் அக்ரிமென்ட் பேப்பருக்கு முன்னாலேயே வாக்குதான் முடிவு.

விரிசலைப் பற்றி ஒரு வார்த்தை. குடிமங்கலம், தாராபுரம் பக்கமெல்லாம் கரிசல் உண்டு. மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்குகிற மண். அதன்மேல் நிற்கிற வீட்டில் பூச்சில் மயிரிழை ஓடுவது சகஜம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, செங்கல் வரிசையைப் படிக்கட்டு மாதிரி பிளந்துகொண்டு போகிற விரிசல் இருந்தால் மட்டும், அதன் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். பத்திரத்துக்குள் கோட்டைத் தாண்டியிருந்தால் எனக்கு எழுதுங்கள். மேற்குச் சுவரும் சன்ஷேடும் முதலில் கெட்டதற்குக் காரணம், பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கிற காற்றும் சாரலும். உங்கள் ஊரில் எந்த வீட்டிலும் மேற்குப் பக்கம்தான் முதலில் கெடும். பெயின்ட் அடிக்கும்போது அந்தப் பக்கத்துக்குக் கூடுதலாகச் செலவழியுங்கள்.

எர்த்தும் இ.எல்.சி.பி.யும் பேரத்துக்கான விஷயமே இல்லை. குடி போகும் முன் உங்கள் செலவிலேயே செய்துவிடுங்கள். குழந்தைகள் ஈரக் கையோடு சுவிட்சைத் தொடுகிற வீடு.

மிச்சம் இருப்பது மாடி. தரையில் நிற்கிறவருக்குத் தட்டோடு இடுக்கு தெரியாது. கீழே கறை பட்ட இடத்தை வெள்ளை மூடியிருக்கிறது. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தில் 55-வது பிரிவு இதைச் சொல்கிறது: விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். சட்டத்தை டீச்சரம்மா முகத்துக்கு நேரே நீட்டுவதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் கேட்கிறது தப்பான கேள்வி இல்லை என்ற தெம்பு உங்களுக்கு வேண்டும், அதற்காக.

ஆகவே கேளுங்கள். 2 லட்சம் அல்ல, 48,000-க்கான வேலையை. எப்படிக் கேட்பது என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. விலையில் 1 லட்சம் குறைந்தால் உங்கள் பேங்க் 80,000 ரூபாயைக் கடனில் குறைத்துக்கொள்ளும். கையிலிருந்து போடுவதில் மிச்சம் 20,000. முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதத்தில் இன்னொரு 9,000. மேஸ்திரிக்குக் கொடுக்க வேண்டிய காசோ முழுசாக உங்கள் கையிலிருந்துதான் வர வேண்டும். அதனால் விலை 46 லட்சமாகவே இருக்கட்டும். பத்திரத்துக்கு முன்னால், நீங்கள் கூட்டி வருகிற மேஸ்திரியை வைத்து மாடி வேலை நடக்கட்டும், கூலியும் சாமானும் டீச்சரம்மா கொடுக்கட்டும். விற்றுவிட்டுப் போகிறவர் தானே ஆள் வைத்துச் செய்தால் இடுக்கில் சிமென்ட் பாலை ஊற்றிவிட்டுப் போய்விடுவார்கள். பழைய கலவையைச் சுரண்டி எடுத்து, கழுவி, காயவிட்டு அடைக்க வேண்டும். நீங்கள் நின்று பாருங்கள்.

புரோக்கர் வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள். ஒரு நாள் சாயங்காலம் நீங்களும் மாமனாரும் நேரில் போங்கள். லிஸ்டைக் கையில் எடுக்க வேண்டாம். "ஏனுங்க டீச்சர், சாமி ரூம்ல மட்டும் எப்பங்க வெள்ளை அடிச்சீங்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவரே சொல்வார். பாதிக்குப் பாதி என்று அவர் சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள். முடியவே முடியாது என்றாலும், சுத்திச் சத்தம் கெட்டியாக இருக்கும்வரை, 48,000-க்காக இந்த வீட்டை விடாதீர்கள். மூன்று லட்சம் அட்வான்ஸ் அங்கே கிடக்கிறது.

மனசு கேட்காமல் ஒன்று சொல்கிறேன். 2011-ல் நாங்கள் இப்போது இருக்கிற வீட்டை வாங்கினபோது நான் பதினோரு குறை எழுதிக் கொண்டுபோய் வைத்தேன். ஒவ்வொன்றும் உண்மை. 40,000 குறைத்தார்கள். சாவி வாங்கப் போன அன்றைக்கு ஃபேன் இல்லை, ஹீட்டர் இல்லை, போர்க்குழியிலிருந்து மோட்டாரையே தூக்கியிருந்தார்கள். அக்ரிமென்ட்டில் மோட்டாரைப் பற்றி நான் ஒரு வரி எழுதவில்லை. அதைவிட, செப்டிக் டேங்க் மூடி எங்கே என்று கேட்க அவர்களுக்கு போன் போட்டால் எடுக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் அதன்மேல் டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். மூன்று இடத்தில் உடைத்துப் பார்த்தோம். நான்காவது இடத்தில் இருந்தது.

20 வருஷம் குடியிருந்தவருக்குத் தெரிந்தது எந்த இன்ஜினியர் ரிப்போர்ட்டிலும் வராது. போர் எத்தனை அடி, எந்தக் கோடையில் வற்றினது, சாக்கடைக் குழாய் எந்த ரூமுக்கு அடியில் போகிறது, உப்புத்தண்ணி லைன் எது, நல்லதண்ணி லைன் எது. டீச்சரம்மா மனசு நோகாமல் இருந்தால் ஒரு காபி குடிக்கும் நேரத்தில் எல்லாம் சொல்லிவிடுவார். நோட்டு ஒன்று எடுத்துப் போய் எழுதிக்கொள்ளுங்கள். மோட்டார், ஃபேன், ஹீட்டர், தண்ணித் தொட்டி எது எது வீட்டோடு வருகிறது என்பதையும் அன்றைக்கே ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் விற்கிறவன். அட்வான்ஸ் வாங்கி ஒரு மாதம் கழித்து, வாங்குகிற பார்ட்டி இன்ஜினியர் ரிப்போர்ட் என்று நான்கு பக்கம் கொண்டுவந்து ஒன்றரை லட்சம் குறைக்கச் சொல்கிறார்கள். கோபமாக வருகிறது. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?
— வாசகர், பெருந்துறை

பதில்: கோபம் ஆறட்டும் அண்ணா. அந்த நான்கு பக்கத்தையும் வாங்கி ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். அதில் உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தும் நீங்கள் சொல்லாமல் விட்டது எது என்று உங்கள் மனசுக்குத் தெரியும். அதற்கு மட்டும் காசு கொடுங்கள், இல்லை வேலை செய்து கொடுங்கள். மற்றதற்கு, "வீட்டைச் சுத்திப் பாத்துட்டுத்தானுங்க வெல பேசுனீங்க" என்று சொன்னால் போதும். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கும் முன் அக்ரிமென்ட்டை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். தவணை முடியும் முன் நீங்களாக விலகினால், நிறைவேற்றித் தரச் சொல்லி அவர்கள் கோர்ட்டுக்குப் போக முடியும்.

கேள்வி: பேங்க் இன்ஜினியர் வந்து வீட்டைப் பார்த்து லோன் ஓகே சொல்லிவிட்டார். தனியாக இன்னொருவரை வைத்துப் பார்க்க வேண்டுமா?
— வாசகி, கரூர்

பதில்: வேண்டும். பேங்க் அனுப்புகிறவர் பார்ப்பது, கடன் நின்றுபோனால் இந்த வீட்டை விற்றுப் பணம் எடுக்க முடியுமா என்பதை. உங்கள் பாத்ரூம் ஓதம் அவர் வேலை இல்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே உங்கள் ஆளைக் கூட்டிப் போங்கள். மாடிக்கு ஏற ஏணியும் கொண்டுபோகச் சொல்லுங்கள்.