இசைக் கேள்வி பதில்: கமகத்துக்குக் கீழே கார்டு

கேள்வி: கர்நாடக இசை பயின்ற என் மகள், கீர்த்தனைகளைக் கிடார், கீபோர்டு துணையுடன் பாட விரும்புகிறாள். "திரைப்பாடகர் சித் ஸ்ரீராம் பாடவில்லையா?" என்கிறாள். கற்ற இசை கெட்டுவிடாதா?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: கலப்பினால் மட்டும் கெட்டுவிடாது, அம்மா. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி வயலின் கற்று அதை நம் இசைக்குப் பழக்கினார். தீட்சிதரே மேலைநாட்டு மெட்டுகளுக்குச் சங்கராபரணத்தில் வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். 'நோட்டுஸ்வரம்' எனப்படும் அந்த உருப்படிகளில் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, அநேகமாக இல்லை என்பதைத் தங்கள் மகள் கவனிக்க வேண்டும். சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

தோடி ராகத்தின் காந்தாரம் ('க' ஸ்வரம்) ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்தின் ('ரி') பக்கமிருந்து மத்திமத்தின் ('ம') விளிம்புவரை அசைந்தால்தான் அது தோடியாகக் காதில் விழும். குரல் அப்படி அசையும்போது, கீழே கீபோர்டில் காந்தாரக் கட்டையை உள்ளடக்கிய ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் பல ஸ்வரங்களை) அழுத்திப் பிடித்தால், இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கும். பலர் அப்போது கீபோர்டுக்குப் பணிந்து கமகத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். தாங்கள் அஞ்சும் கேடு அதுதான். ஆகவே, சஹானா, ஆனந்தபைரவி போன்ற கமகம் மிகுந்த ராகங்களைத் தம்பூரா சுருதியோடு விட்டுவிட்டு, மோகனம், ஹம்சத்வனி, கீரவாணி ஆகியவற்றில் தொடங்கட்டும். கீரவாணியின் ஸ்வரங்கள் மேலைநாட்டாரின் ஹார்மோனிக் மைனருடன் அப்படியே பொருந்துவதால் கிடார்காரருக்கும் வேலை எளிது. கனமான சங்கதி (ஒரே வரியை மெருகேற்றி மாற்றிப் பாடுவது) வரும் இடங்களில் வாத்தியங்கள் ஷட்ஜ பஞ்சமத்தை ('ச', 'ப') மட்டும் தாங்கி நிற்பது நல்லது.

நம் குமரி மாவட்டத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயங்களில் ஒரே ஆராதனையில் பாமாலையை மேலைநாட்டு மெட்டிலும் கீர்த்தனையை ராகத்திலும் பாடுவதைத் தாங்கள் கேட்டிருப்பீர்கள். அங்கே இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. ஒரே வரியில் இரண்டையும் சேர்ப்பது அதைவிடக் கடினம். சித் ஸ்ரீராம் தாயாரிடம் கர்நாடக இசை கற்று, பாஸ்டனின் பெர்க்லீ இசைக் கல்லூரியிலும் படித்தவர்; இன்றும் முழுக் கச்சேரி பாடுகிறார். (அவரை மேற்கோள் காட்டும் பிள்ளைகள் இந்தக் கடைசி விவரத்தை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.)

சுருதி பற்றி ஒரு சொல்: மகள் பாடும் சுருதி ஐந்து கட்டை என்றால் கிடார்காரருக்கு 'ஜி', ஐந்தரை என்றால் கேப்போ (தந்திகளை அழுத்திச் சுருதியை உயர்த்தும் கவ்வி) மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒலிப்பதிவில் என் ஆலாபனை இயந்திரம் பாடியதுபோல் ஒலிக்கிறது. ஏன்?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: பெரும்பாலும் ஆட்டோடியூன் (சுருதி திருத்தும் மென்பொருள்) செய்த வேலையாக இருக்கும். அந்த மென்பொருளை வழக்கமான அமைப்பில் விட்டால், குரலை ஸ்தாயியின் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களில் அருகில் உள்ளதற்கு இழுத்து நிறுத்தும். வழுக்கிச் செல்லும் ஜாரு அதில் படிக்கட்டாகிவிடும். ஆலாபனைப் பகுதிக்கு அதை அறவே நீக்கிவிட்டு, தம்பூரா ஒலியை ஹெட்போனில் சற்று உரக்க வைத்துப் பாடுங்கள். சுருதி விலகிய இடத்தைத் திருத்துவதைவிட அந்த ஓர் அடியை மீண்டும் பாடிப் பதிவுசெய்வதே விரைவில் முடியும்.