சட்டமன்றத்துக்கு முதல் முறை நிற்பவர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

வேட்பாளர்களுக்குத் தலைமை ஏஜென்டாக ஓடி ஓடியே தலை நரைத்தவன் நான். தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு முதல் முறையாக நிற்கப் போகிறவர்கள் மனு, செலவுக் கணக்கு, பூத் இந்த மூன்றைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். எந்தக் கூட்டணி ஜெயிக்கும் என்று கேட்க டீக்கடை இருக்கிறது.

ஆரணி: சார், வயது 27. சொந்த ஊர் ஆரணி, ஆனால் ஓட்டு வேளச்சேரியில் இருக்கிறது. ஆரணியில் நிற்க முடியுமா?

தாராளமாக. 25 வயது முடிந்திருக்க வேண்டும், தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியில் ஓட்டு இருக்க வேண்டும், அவ்வளவுதான். வேளச்சேரி பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும் பகுதியின் சான்றிட்ட நகலை வாங்கி மனுவோடு வையுங்கள். ஒரே ஒரு வருத்தம், உங்கள் ஓட்டு உங்களுக்கே விழாது.

ஒட்டன்சத்திரம்: அண்ணா, சுயேச்சைக்கு முன்மொழிய பத்துப் பேர் வேண்டுமாமே. பத்துப் பேர் பெரிய விஷயமா?

பத்துப் பேர் பெரிய விஷயமில்லை தம்பி, சரியான பத்துப் பேர் பெரிய விஷயம். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் போதும். சுயேச்சைக்கும் அங்கீகாரம் இல்லாத பதிவுபெற்ற கட்சிக்கும் பத்துப் பேர், பத்துப் பேருமே அதே தொகுதியின் வாக்காளர்கள். வாக்காளர் பட்டியலில் ஒருவருடைய பாகம் எண், வரிசை எண் தப்பாகப் போனால் அவரை எண்ணிக்கையில் சேர்ப்பது சந்தேகம். 2017 டிசம்பரில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷால் மனு போட்டார், ஞாபகம் இருக்கிறதா? முன்மொழிந்தவர்களில் இரண்டு பேர் அது எங்கள் கையெழுத்தே இல்லை என்று சொல்லிவிட, மனு தள்ளுபடி. அவ்வளவு வெளிச்சத்தில் இருக்கிறவருக்கே அந்தக் கதி. ஊரில் எதிராளி ஒரு மாமனை மச்சானை விட்டுப் பேசினால் உங்கள் பத்தில் ஒருவர் பின்வாங்க எவ்வளவு நேரமாகும்?

அதனால் நான் எப்போதும் சொல்வது: ஒரு தொகுதிக்கு நான்கு மனு வரை போடலாம், டெபாசிட் ஒரு தடவை கட்டினால் போதும். நான்கும் போடுங்கள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு பத்துப் பேர். ஒன்று தப்பினாலும் நீங்கள் வேட்பாளர்.

பல்லடம்: சொத்து, கடன், வழக்கு விவரங்களை எழுதிக் கொடுக்கும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் நமக்குச் சம்பந்தம் இல்லாத கட்டங்களைக் காலியாக விட்டுவிடலாமா?

விடாதீர்கள். இதை இன்றைக்குப் பல தடவை எழுதப் போகிறேன் என்று தெரியும், முதல் தடவையே பெரிதாக எழுதிவிடுகிறேன். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். இல்லை என்றால் "இல்லை", பொருந்தாது என்றால் "பொருந்தாது". 2013இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது: தேர்தல் அலுவலர் சுட்டிக்காட்டிய பிறகும் நிரப்பாமல் விட்டால் மனுவைத் தள்ளலாம். வாக்காளருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது, காலிக் கட்டம் அதை மறைக்கிறது என்பதுதான் வாதம்.

மனைவியின் நகை எத்தனை பவுன், அவர் பெயரில் உள்ள கடன், ஐந்து வருட வருமான வரி விவரம், ஃபேஸ்புக் கணக்கு வரை கேட்பார்கள். வீட்டில் உட்கார்ந்து பேசி எழுதுங்கள். நோட்டரி முன்னால் நின்றுகொண்டு போன் போட்டு "ஏம்மா, அந்த அடகு நகை எத்தனை கிராம்?" என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நாகர்கோவில்: டெபாசிட் எவ்வளவு? எப்போது திரும்பக் கிடைக்கும்?

10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. பதிவான செல்லுபடியாகும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும், இல்லையென்றால் போச்சு. செக் வாங்க மாட்டார்கள். ரொக்கமாக அலுவலரிடம் கட்டலாம், கருவூலத்தில் கட்டி சலானும் வைக்கலாம். ஒரு ரூபாய் நாணயமாக மூட்டை கட்டிக்கொண்டு போய்ப் படம் பிடித்துக்கொள்கிற ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். எண்ணி முடிக்க நேரமாகும், பின்னால் வரிசையில் நிற்பவர்கள் உங்களுக்கு ஓட்டுப் போட மாட்டார்கள்.

கும்பகோணம்: ஐயா, மனு போட எந்த நாள், எந்த நேரம் உசிதம்?

மனு வாங்குவதே காலை 11 மணியிலிருந்து மதியம் 3 வரைதான். புதன் 12 முதல் 1.30, வியாழன் 1.30 முதல் 3 ராகுகாலம், அதைத் தவிர்க்க ஊரே ஒரே நேரத்தில் வந்து நிற்கும். ராகுகாலத்தில் போனால் கூட்டம் இருக்காது. நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை.

சிவகிரி: நீங்கள் டெபாசிட், பத்துப் பேர் என்று சாதாரணமாகச் சொல்கிறீர்கள். ஏழை நிற்கக் கூடாது என்று போட்ட சட்டம்தானே இது?

சிவகிரி அடங்கிய மொடக்குறிச்சி தொகுதிக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான், ஏனென்றால் இந்தச் சட்டத்தில் உங்கள் தொகுதிக்குப் பங்கு உண்டு. 1996இல் விவசாயிகள் தங்கள் குறையைக் கேட்க ஆளில்லை என்று வரிசையாக மனு போட, மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள். அன்றைக்கு டெபாசிட் 250 ரூபாய். வாக்குச்சீட்டைப் புத்தகமாகத்தான் அடிக்க முடிந்தது, தேர்தலையே தள்ளி வைத்தார்கள். அன்றைய ஆந்திராவில் நல்கொண்டா மக்களவைத் தொகுதியிலும் அதே வருடம் 480 பேர். அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி சட்டமன்றத்துக்கு 5,000 ஆக்கினார்கள், முன்மொழிபவர்கள் பத்துப் பேர் என்பதும் அப்போது வந்ததுதான். பிறகு 10,000 ஆனது.

ஏழையைத் தடுக்கிறதா என்றால், தடுக்கிறது. கூலி வேலை பார்ப்பவருக்கு 10,000 என்பது விளையாட்டில்லை. ஆனால் 250 ரூபாயாகவே விட்டிருந்தால் யார் நிரப்புவார்கள் என்று நினைக்கிறீர்கள்?

கரூர்: நான் சொல்கிறேன், டம்மிகள் நிரப்புவார்கள். எங்கள் ஊரில் 2021இல் 77 பேர். எல்லாரும் மக்கள் சேவைக்கா வந்தார்கள்?

77 பேரும் டம்மி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் டம்மி சுயேச்சை என்று ஒரு சமாச்சாரம் உண்டு, ஊரறிந்த ரகசியம். அவர் பெயரில் வண்டிக்கு அனுமதி, பூத்துக்குள் கூடுதலாக ஓர் ஏஜென்ட், எண்ணும் இடத்தில் இன்னோர் ஆள், எல்லாம் பெரிய வேட்பாளருக்கு வேலை செய்யும். அப்புறம் பெயர் விளையாட்டு. 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் சுயேச்சையாக நின்ற ஓ.பன்னீர்செல்வத்தோடு அதே பெயரில், அதே இனிஷியலில் இன்னும் ஐந்து பேர் நின்றார்கள்.

சிவகிரி: அப்படியானால் டெபாசிட் டம்மியையும் தடுக்கவில்லை, ஏழையை மட்டும் தடுக்கிறது. நீங்களே ஒத்துக்கொண்டீர்கள்.

சபாஷ், இது நல்ல அடி. பணம் இருக்கிறவன் டம்மிக்கும் சேர்த்துக் கட்டுவான், சரி. ஆனால் ஒரு விஷயம். 2019இல் தெலங்கானா நிஜாமாபாத்தில் மஞ்சளுக்கு விலை கேட்டு விவசாயிகள் 170க்கும் மேற்பட்டோர் மக்களவைக்கு நின்றார்கள், மொத்தம் 185 வேட்பாளர்கள். டெபாசிட் 25,000. ஊர் கூடி நின்றால் அந்தத் தொகையையும் புரட்டுகிறார்கள். மஞ்சள் விளைகிற ஈரோட்டு மாவட்டத்துக்காரருக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் டெபாசிட்டைக் குறைத்துவிட்டு, முன்மொழிபவர்களை ஐம்பதாக்கலாம். ஐம்பது பேரைக் கையெழுத்துப் போட வைக்க முடியாதவர் தொகுதியைச் சுற்றிவரப் போவதில்லை. கரூர்க்காரர் இதை ஏற்க மாட்டார், கையெழுத்துக்கும் விலை வைப்பார்கள் என்பார். வைப்பார்கள்தான். இதை இத்தோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

தேனி: சாலை மறியல் செய்ததற்கு ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது. அற்ப வழக்கு. அந்தப் பகுதியை நிரப்பாமல் விட்டால்?

பல்லடத்துக்குச் சொன்னதை மறுபடி படியுங்கள். அற்பமோ அபாரமோ, எஃப்ஐஆர் எண், பிரிவு, எந்த நீதிமன்றம் என்று எல்லாம் எழுத வேண்டும். அதோடு முடியவில்லை. வாபஸ் நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையில் பத்திரிகையிலும் டிவியிலும் மூன்று முறை அந்த வழக்கு விவரத்தை நீங்களே விளம்பரம் கொடுக்க வேண்டும், அந்தக் காசும் உங்கள் தேர்தல் செலவுதான். மறியல் வழக்கென்றால் கூச்சம் எதற்கு? தண்ணீருக்காக உட்கார்ந்தேன் என்று மேடையிலேயே சொல்லுங்கள்.

பெரம்பலூர்: அரசு ஒப்பந்த வேலை எடுத்திருந்தேன். வேலை முடிந்துவிட்டது, பில் பணம் வரவில்லை. தகுதி இழப்பு வருமா?

நல்ல கேள்வி, யாரும் கேட்காத கேள்வி. மாநில அரசோடு நடப்பில் ஒப்பந்தம் இருந்தால் சட்டமன்றத்துக்கு நிற்க முடியாது. ஆனால் உங்கள் பக்கத்து வேலையை முழுக்க முடித்துவிட்டால், அரசு பணம் தரவில்லை என்பதற்காக ஒப்பந்தம் நடப்பில் இருப்பதாகக் கொள்ள மாட்டார்கள், சட்டத்திலேயே அந்த விளக்கம் இருக்கிறது. வேலை முடிந்ததற்கான சான்றைக் கையில் வையுங்கள். பராமரிப்புக் காலம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

மதுரை: கட்சியில் சீட்டு வாங்குவது எப்படி?

அது தெரிந்திருந்தால் நான் ஏன் ஏஜென்ட்.

விருத்தாசலம்: சுயேச்சை சின்னம் எப்போது தெரியும்? போஸ்டர் அடிக்க ஆர்டர் கொடுத்துவிட்டேன்.

நிறுத்துங்கள். மனுவில் மூன்று சின்னம் வரிசைப்படி கேட்பீர்கள். வாபஸ் நேரம் முடிந்த பிறகுதான் ஒதுக்குவார்கள். ஒரே சின்னத்தைப் பதிவுபெற்ற சிறு கட்சிக்காரர் கேட்டால் அவருக்குத்தான் முன்னுரிமை, சுயேச்சைகளுக்குள் போட்டி என்றால் குலுக்கல். அதன் பிறகு உங்கள் கையில் இரண்டு வாரம் சொச்சம்தான் இருக்கும், அதற்குள் சின்னத்தைப் பழக்க வேண்டும். போஸ்டரில் அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிடுபவர் பெயர் கட்டாயம், இல்லாவிட்டால் வழக்கு.

திருவாரூர்: செலவு வரம்பு 40 லட்சம் என்கிறார்கள். நான் இரண்டு லட்சம்கூடச் செய்யப் போவதில்லை. கணக்குக் கொடுக்கவேண்டுமா?

வேண்டும், வேண்டும், வேண்டும். முதல் முறை நிற்பவர்கள் தோற்றவுடன் ஊருக்குப் போய்ப் படுத்துவிடுவார்கள். முடிவு வந்து 30 நாளுக்குள் கணக்கு ஒப்படைக்காவிட்டால் மூன்று வருடம் தேர்தலில் நிற்கவே தடை. பூஜ்யம் ரூபாயாக இருந்தாலும் கணக்குதான்.

மனு போடுவதற்கு ஒரு நாள் முன்னதாகவாவது தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. கூட்டம் போட்டால் தேர்தல் அதிகாரிகள் அனுப்பும் வீடியோக்காரர் வந்து நாற்காலியை எண்ணுவார், டீ, வடை, மாலை, பிரியாணி ஒவ்வொன்றுக்கும் மாவட்டத்தில் விலைப்பட்டியல் உண்டு, உங்கள் மச்சான் இலவசமாகத் தந்த மைக் செட்டுக்கும் அந்த விலை போட்டு எழுதுவார்கள். அவர்கள் நோட்டும் உங்கள் நோட்டும் ஒத்துப்போக வேண்டும்.

திருப்பத்தூர்: சார், டெபாசிட் எவ்வளவு?

மேலே.

ஆலங்குளம்: மனுவில் காலியாக இருக்கும் இடங்களில் கோடு போட்டால் போதுமா?

கோடும் வேண்டாம். "இல்லை" என்று எழுத எத்தனை எழுத்து? அப்படியே, அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பேன் என்று வேட்பாளர் எடுக்க வேண்டிய உறுதிமொழியும் எடுத்துவிடுங்கள். மனு கொடுத்த பிறகு, பரிசீலனைக்கு முந்தைய நாளுக்குள் எடுக்க வேண்டும். மனு கொடுத்த கையோடு அங்கேயே எடுத்துச் சான்றும் வாங்கிவிட்டு வெளியே வாருங்கள்.

ராஜபாளையம்: பூத் ஏஜென்ட் எல்லா பூத்துக்கும் போட முடியாது. ஆள் இல்லை. விட்டுவிடலாமா?

ஒரு தொகுதிக்குச் சராசரியாக 300ஐ ஒட்டி வாக்குச்சாவடி வரும், முதல் முறை நிற்பவர் எல்லாவற்றுக்கும் ஆள் போடுவது நடக்காது, புரிகிறது. உங்களுக்கு ஓட்டு விழும் என்று நம்புகிற இடங்களுக்கு முதலில் போடுங்கள். 2016இல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டு, காட்டுமன்னார்கோவிலில் 87. 2021இல் தியாகராய நகரில் 137. ஒரு தெருவில் இருக்கிற ஓட்டு.

ஏஜென்டுக்கு இரண்டே வேலை சொல்லிக் கொடுங்கள். வாக்குப்பதிவு தொடங்குவதற்கு 90 நிமிடம் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு நடக்கும், அப்போது அங்கே இருக்க வேண்டும். சாயங்காலம் படிவம் 17சி நகல் வாங்காமல் பூத்தை விட்டு வரக் கூடாது. மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது, எந்த எண்ணுள்ள இயந்திரம் என்று அதிகாரி கையெழுத்தோடு அதில் இருக்கும். எண்ணும் நாளில் உங்கள் ஆள் மேசைக்கு எதிரில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் ஒத்துப் பார்க்க முடியும். வீட்டுக்கு எடுத்துப் போகும் வழியில் அதைப் பஜ்ஜி மடிக்கக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதையும் நான் பார்த்திருக்கிறேன்.